ஏழு வயதைத் தாண்டாத சிறுவன்

பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நோயுற்ற குழந்தைகளின் படங்கள் தினமும் வந்துகொண்டே இருக்கின்றன. மூக்கில் ட்யூப், பக்கத்தில் அழும் அம்மா, கீழே "தயவுசெய்து பகிருங்கள்" என்ற வரி. இதெல்லாம் செல்போன் வந்த பிறகு வந்த பழக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இதன் முதல் பெரிய அத்தியாயம் எழுதப்பட்டபோது இணையம் என்ற சொல்லே பொதுமக்களுக்குத் தெரியாது. அது போஸ்ட்மேன் காலத்துக் கதை.

1989. லண்டனை ஒட்டியுள்ள கார்ஷால்டன் என்ற ஊரில் கிரெய்க் ஷெர்கோல்டு என்ற 9 வயதுச் சிறுவனுக்கு மூளையில் கட்டி இருப்பது தெரியவந்தது. இங்கிலாந்து டாக்டர்கள் பெரிதாக நம்பிக்கை தரவில்லை. பையனைக் கொஞ்சம் சந்தோஷப்படுத்தலாமே என்று குடும்பத்துக்கு வேண்டியவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். 'சீக்கிரம் குணமாகு' என்று எழுதிய வாழ்த்து அட்டைகளை அதிக எண்ணிக்கையில் பெற்றவர் என்று கின்னஸில் ஒரு சாதனை இருந்தது. இன்னொரு பிரிட்டிஷ் சிறுவன் பெற்ற 10 லட்சத்துச் சொச்சம் அட்டைகள்தான் அன்றைய கணக்கு. அதைக் கிரெய்க் முறியடிக்கட்டுமே என்றார்கள்.

செப்டம்பரில் வேண்டுகோள் கிளம்பியது. நவம்பரிலேயே சாதனை முறிந்துவிட்டது! அதோடு நின்றிருந்தால் இது ஒரு பெட்டிச் செய்தி. ஆனால் 1990 மே மாதத்துக்குள் 1 கோடியே 60 லட்சம் அட்டைகள் வந்து குவிந்தன. கணக்குப் போட்டுப் பார்த்தால் சராசரியாக நாள் ஒன்றுக்கு 60 ஆயிரத்துக்கும் மேல். 1991-ல் எண்ணிக்கை 3 கோடியே 30 லட்சத்தைத் தொட்டது. பிரிட்டிஷ் அஞ்சல் துறை அந்த ஒரு வீட்டுக்கென்றே தனி பின்கோடு கொடுத்தது.

எப்படி இவ்வளவு? எல்லாம் பெருக்கல் கணக்குதான். "இதை இன்னும் 10 கம்பெனிகளுக்கு அனுப்புங்கள்" என்று கடிதத்தில் ஒரு வரி சேர்ந்துகொண்டது. பத்து நூறாகும், நூறு ஆயிரமாகும், ஆறாவது சுற்றில் 10 லட்சம். பத்தில் ஒருவர் மதித்தாலே போதும், சங்கிலி அறுந்து போகாது. (நம்மூரில் பெருமாள் பெயரில் வந்த போஸ்ட் கார்டுகளும் இதே டெக்னிக்தான். அங்கே பயமுறுத்தல், இங்கே பரிதாபம்.) ஒரு கம்பெனியின் லெட்டர்ஹெட்டில், மேனேஜர் கையெழுத்தோடு ஃபேக்ஸில் வரும் கடிதத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

இந்தக் கதையை வெறும் வேடிக்கையாகத் தள்ளிவிட முடியாததற்குக் காரணம் அடுத்து நடந்த விஷயம். அந்த வேண்டுகோள் அமெரிக்காவில் ஜான் க்ளூகி என்ற கோடீஸ்வரரின் காதுக்குப் போனது. மெட்ரோமீடியா நிறுவனத்தின் அதிபர், 1989-ல் ஃபோர்ப்ஸ் பட்டியலில் அமெரிக்காவின் முதல் பணக்காரர். அவர் அட்டை அனுப்பவில்லை. தனக்குத் தெரிந்த நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் நீல் காசலிடம் இந்தப் பையனுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். 1991 மார்ச்சில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. செலவு க்ளூகியுடையது. கட்டியின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. கிரெய்க் பிழைத்துக்கொண்டான்.

அந்தக் கடிதம் மட்டும் ஊர் ஊராகச் சுற்றாமல் இருந்திருந்தால் க்ளூகிக்குக் கிரெய்க் என்று ஒருவன் இருப்பதே தெரிந்திருக்காது. "குழந்தையின் நோயை ஊருக்குச் சொல்லலாமா?" என்று கேட்பவர்களுக்கு இதைவிடச் சரியான பதில் கிடையாது. ஊருக்குச் சொன்னதால்தான் உயிர் மிஞ்சியது.

சரி, பையன் குணமாகிவிட்டான், போதும் நிறுத்துங்கள் என்று குடும்பம் கேட்டுக்கொண்டது. அஞ்சல் துறையும் கேட்டுக்கொண்டது. கின்னஸ் அந்தப் பிரிவையே மூடிவிட்டது. அட்டைகள் நிற்கவில்லை. குணமான செய்தி பத்திரிகையில் ஒரு நாள் வந்து போகும், கடிதமோ தினமும் புதிது புதிதாகப் பிறக்கிறது. நிறுத்தச் சொல்லும் செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்ப யாருக்கு அக்கறை?

போகப் போக கடிதம் தன் இஷ்டத்துக்கு மாற ஆரம்பித்தது. வாழ்த்து அட்டை விசிட்டிங் கார்டாகிப் போனது. ஷெர்கோல்டு சில கடிதங்களில் ஷெல்ஃபோர்டு ஆனார், சிலவற்றில் ஷெப்பர்டு. வயது 7 ஆகி, அங்கேயே நின்றுவிட்டது. இதற்குச் சம்பந்தமே இல்லாத மேக்-எ-விஷ் என்ற தொண்டு நிறுவனத்தின் பெயர் எப்படியோ ஒட்டிக்கொள்ள, "எங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை" என்று அவர்கள் பல வருடங்கள் அறிவிப்பு மேல் அறிவிப்பாக விட வேண்டியதாயிற்று. ஃபேக்ஸ் போய் மின்னஞ்சல் வந்ததும் கடிதம் அதற்கும் தாவிக்கொண்டது. நிஜக் கிரெய்க் மீசை முளைத்த இளைஞனாகிவிட்டார். ஃபார்வர்டு மெயிலில் ஒரு 7 வயதுச் சிறுவன் செத்துக்கொண்டே இருந்தான்.

இதற்கு நேர் எதிரான முயற்சி 1997-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்தது. குறைமாதத்தில் பிறந்து உயிருக்குப் போராடிய ஒரு குழந்தையின் பெற்றோர், தங்கள் தோழி சோனா மெரிங்கிடம் உறவினர்களுக்கெல்லாம் விஷயத்தைச் சொல்லிவிடும்படி கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போன் போடுவதற்குப் பதில் அவர் ஒரு இணையப் பக்கம் செய்தார். கேரிங்பிரிட்ஜ் என்ற தளம் அப்படித்தான் பிறந்தது. அதன் நோக்கம் உலகத்தைக் கூட்டுவதல்ல, ஏற்கெனவே கவலைப்படுகிறவர்களுக்கு நிலவரம் சொல்வது. யார் பார்க்கலாம் என்பதைக் குடும்பமே முடிவு செய்யும் வசதி அதில் உண்டு. கேட்க சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் கிரெய்க் குடும்பத்தின் கையை விட்டுப் போனது அந்த முடிவுதான்.

பேஸ்புக் காலம் வந்ததும் அந்தச் சின்ன வட்டம் மறுபடி உடைந்தது. இப்போது நோயே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, படம் இருந்தால் போதும் என்ற நிலை. 2017-ல் இங்கிலாந்தில் அம்மை போட்டிருந்த ஒரு சின்னப் பையனின் படத்தை யாரோ எடுத்து, "இவனுக்குப் புற்றுநோய், பகிர்ந்தால் பேஸ்புக் பணம் தரும்" என்று போட்டுவிட்டார்கள். லட்சக்கணக்கில் பகிரப்பட்டது. பையன் வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கிறான், உலகம் அவனுக்காக அழுகிறது! அந்த அம்மா எத்தனை பேருக்குத்தான் விளக்கம் சொல்லியிருப்பார்?

அதற்காகப் பெற்றோரைக் குறை சொல்லிவிட முடியுமா? முதுகெலும்புத் தசைநார்ச் சிதைவு என்ற மரபணு நோய்க்கான ஜோல்ஜென்ஸ்மா ஊசியை 2019-ல் அமெரிக்கா அனுமதித்தபோது அதன் விலை 21 லட்சத்து 25 ஆயிரம் டாலர். இந்தியாவில் 16 கோடி ரூபாய் என்று பேசப்பட்டது. மாதச் சம்பளக்காரர் எந்த பேங்கில் போய் 16 கோடி கடன் கேட்பார்? 2021-ல் மும்பைத் தம்பதி ஒன்று தங்கள் கைக்குழந்தைக்காக இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கி, முன்பின் தெரியாதவர்களிடம் கோடிக்கணக்கில் திரட்டியது. ஏறத்தாழ 6 கோடி ரூபாய் வரியை மத்திய அரசு தள்ளுபடி செய்தது. அதே வருடம் தமிழ்நாட்டிலும் ஒரு குழந்தைக்காக இதேபோல் பணம் திரண்டது, இறக்குமதி வரியும் தள்ளுபடியானது. அன்று க்ளூகி என்ற ஒரு பெரிய கை செய்ததை இங்கே நூறு ரூபாயும் ஐநூறு ரூபாயுமாக ஆயிரக்கணக்கான சின்னக் கைகள் செய்தன.

இங்கே ஒரு வியாபார உண்மையும் இருக்கிறது, கசப்பானதுதான். நூறு ரூபாய் போடுபவருக்கு ரசீது முக்கியமில்லை, குழந்தையின் முகம் வேண்டும். மருத்துவ அறிக்கையை மட்டும் போட்டால் காசு வராது, வீடியோ போட்டால் வரும். விலை 16 கோடியாக இருக்கும்வரை பெற்றோர் அந்த வீடியோவைப் போட்டுத்தான் ஆக வேண்டும். அதில் இருக்கும் குழந்தை வளர்ந்து கல்லூரிக்குப் போகும்போதும் அந்த வீடியோ எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு அந்தக் குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் முடியாது.

கிரெய்க்கின் கதை 2001-ல் 'தி மிராக்கிள் ஆஃப் தி கார்ட்ஸ்' என்ற பெயரில் தொலைக்காட்சிப் படமாக வந்தது. படம் வந்தபோது அவருக்கு 22 வயது, அப்போதும் அவர் பெயரில் தபால் வந்துகொண்டிருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு 29 வருடங்கள் வாழ்ந்தார். 2020 ஏப்ரலில், தன் 40-வது வயதில், கொரோனா தொற்றால் இறந்தார்.