கெட்ட பெயரும் நல்ல வண்டியும்

மனிதர்களுக்கு ஜாதகம் இருப்பதுபோல மோட்டார் வண்டிகளுக்கும் ஒரு ஜாதகம் உண்டு என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சில வண்டிகள் பிறக்கும்போதே ராஜயோகத்தோடு பிறந்துவிடுகின்றன. ஆயிரம் கோளாறு இருந்தாலும் ஊர் அவற்றைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. வேறு சில வண்டிகள், பாவம், ஒரு தடவை ஊர் வாயில் விழுந்தால் எழுந்திருப்பதே இல்லை. திருந்தினாலும் சரி, உருகினாலும் சரி, ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த இரண்டாவது ரகத்தின்மேல்தான் கண். அப்படிப்பட்ட வண்டி ஒன்றின் சரித்திரத்தை உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் செவர்லே பிரிவார் செய்த வண்டி அது. பெயர் 'கார்வேர்'. அதிலும் குறிப்பாக, இரண்டே கதவுகளும், தாழ்ந்த கூரையும், முன்னால் தனித்தனியாக இரண்டு ஆசனங்களும் உள்ள 'கூப்' என்னும் உருவம். மாமியாரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு திருப்பதிக்குப் போகிற வண்டி அல்ல அது. கல்யாணமான புதிதில் கணவனும் மனைவியும் மாத்திரம் ஏறிக்கொண்டு, எங்கே போகிறோம் என்று யாரிடமும் சொல்லாமல் போகிற வண்டி.

1950-களில் அமெரிக்கக் கார்கள் எப்படி இருந்தன என்பது பழைய சினிமாப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கப்பல் மாதிரி நீளம். பின்னால் மீன் துடுப்பைப் போல் இரண்டு வால்கள். முன்னால் பெரிய இஞ்சின். அந்தச் சமயத்தில் ஜெர்மனியிலிருந்து வோக்ஸ்வாகன் என்ற குட்டி வண்டி வந்து, சத்தம் போடாமல் வாடிக்கைக்காரர்களைக் கொண்டுபோக ஆரம்பித்தது. அமெரிக்கக் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. 1959-ஆம் வருஷம் இலையுதிர் காலத்தில் போர்டு கம்பெனி 'பால்கன்' என்ற சிறிய காரை வெளியிட்டது. கிரைஸ்லர் கம்பெனி 'வேலியன்ட்' என்ற காரை வெளியிட்டது. இரண்டும் பெரிய காரை வெட்டிச் சுருக்கினாற்போன்ற பிள்ளைகள். செவர்லேயின் தலைவர் எட் கோல் மாத்திரம் வேறு வழியில் போனார்.

கோல் அடிப்படையில் ஓர் இஞ்சினீயர். அவர் இஞ்சினைத் தூக்கிப் பின்பக்கத்தில் வைத்தார். ஆறு சிலிண்டர்களையும் பக்கத்துக்கு மூன்றாகப் படுக்க வைத்தார். பெரும்பாகம் அலுமினியம். தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது, காற்றினாலேயே குளிர வேண்டும். அமெரிக்காவில் பெருவாரியாக விற்ற எந்த வண்டியிலும் அதற்கு முன் இத்தனை புதுமைகள் ஒன்றாகச் சேர்ந்ததில்லை. 'டைம்' பத்திரிகை கோலின் படத்தையும் வண்டியின் படத்தையும் சேர்த்து அட்டையிலே போட்டது. 'மோட்டார் டிரெண்ட்' பத்திரிகை அதை 1960-ஆம் வருஷத்தின் சிறந்த கார் என்று தேர்ந்தெடுத்தது.

ஆனால் சிக்கனக் கார் தேடிய ஜனங்கள் சாதாரணமான பால்கனைத்தான் வாங்கினார்கள். கார்வேரைக் காப்பாற்றியது 1960-ன் நடுவில் வந்த 'மான்ஸா' என்ற கூப். உள்ளே கொஞ்சம் நல்ல அலங்காரம், தனி ஆசனங்கள், வெளியே கொஞ்சம் மினுமினுப்பு. அவ்வளவுதான் வித்தியாசம். வாலிபர்கள் பறந்தார்கள். சிறிய காருக்கும் அழகுக்காக ஜனங்கள் பணம் கொடுப்பார்கள் என்ற ரகசியத்தை டெட்ராய்ட் நகரத்துக்குச் சொல்லிக்கொடுத்தது மான்ஸாதான். அந்தப் பாடத்தை மிகவும் கவனமாகப் படித்த மாணவன் போர்டு கம்பெனி. அது 1964-ஆம் வருஷம் ஏப்ரலில் 'மஸ்டாங்' காரை வெளியிட்டது. குருவுக்குக் கிடைக்காத லாபமெல்லாம் சிஷ்யனுக்குக் கிடைத்தது.

இப்போது வண்டியின் குறையைச் சொல்ல வேண்டும். மறைத்தால் கதை நியாயமாக இராது.

பின்பக்கத்து அச்சை நம் கையைப்போல் நினைத்துக்கொள்ளுங்கள். தோளில் மாத்திரம் மூட்டு இருக்கிறது, மணிக்கட்டில் இல்லை. வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது வண்டியின் பின்பாகம் மேலே எழும்பினால், சக்கரம் உள்பக்கமாகச் சாய்ந்து அடியில் மடிந்துகொள்ளப் பார்க்கும். பள்ளத்தில் கால் வைத்துக் கணுக்கால் மடங்குகிறதே, ஏறக்குறைய அதேபோல. இந்த மாதிரி அச்சு கார்வேருக்கு மாத்திரம் சொந்தமில்லை. வோக்ஸ்வாகனில் இருந்தது. சென்னைக்கு அருகிலேயே தயாராகி நம் தெருக்களில் ஓடிய ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் இருந்தது. ஆனால் கார்வேர் அவற்றைவிடக் கனமான வண்டி. அந்தக் கனத்தில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் பின் சக்கரங்களின்மேல் உட்கார்ந்திருந்தது.

இதற்குக் கம்பெனி கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? டயர்க் காற்று! முன் டயரில் 15 பவுண்டு, பின் டயரில் 26 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் வண்டி சொன்னபடி கேட்கும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் அப்படி அச்சிட்டிருந்தார்கள். பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கிற பையன் அந்தப் புத்தகத்தைப் படித்தானா? நாலு டயருக்கும் ஒரே மாதிரி அடித்து அனுப்பினான். ஒரு குடும்பத்தின் உயிரை அந்தப் பையனுடைய ஞாபகசக்தியில் தொங்கவிட்டது யார் குற்றம்? நிச்சயமாக அந்தப் பையனுடைய குற்றம் அல்ல.

முன்பக்கத்தில் ஓர் இரும்புத் தண்டு பொருத்தியிருந்தால் நிலைமை வெகுவாகச் சீர்பட்டிருக்கும். செலவு மிச்சம் என்று அதை விட்டுவிட்டார்கள். பிற்காலத்தில் ஜான் டிலோரியன் என்ற ஜெனரல் மோட்டார்ஸ் அதிகாரி தம் அனுபவங்களைச் சொல்ல, ஒரு பத்திரிகையாளர் அவற்றைப் புத்தகமாக எழுதினார். அது 1979-ல் வெளிவந்தது. அந்தத் தண்டுக்கு வண்டி ஒன்றுக்குச் சுமார் 15 டாலர்தான் ஆகியிருக்கும் என்கிறார் டிலோரியன். பதினைந்து டாலர்! அதை மிச்சம் பிடித்த கம்பெனிமேல் பிறகு நூற்றுக்கு மேற்பட்ட வழக்குகள் வந்தன.

1964-ல் கம்பெனி அந்தத் தண்டைப் போட்டது. பின்னால் குறுக்கே ஒரு வில்லும் சேர்த்தது. 1965 மாடலில் பழைய அச்சையே தூக்கி எறிந்துவிட்டு, தோளிலும் மணிக்கட்டிலும் மூட்டு வைத்தாற்போல் புதிய அமைப்பையே கொண்டுவந்தது. உருவத்தையும் மாற்றியது. அந்த 1965 கூப்பின் படத்தைப் பாருங்கள்: ஓர் இடத்திலும் வேண்டாத தகரம் இல்லை, வேண்டாத கோடு இல்லை. நல்ல சிற்பி உளியைக் கீழே வைக்க வேண்டிய நேரம் தெரிந்து வைத்ததுபோல் இருக்கும்.

ஆக, வண்டி திருந்திவிட்டது. அதற்குப் பிறகுதான் தண்டனை வந்தது!

1965-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி ரால்ப் நேடர் என்ற முப்பத்தொரு வயது வக்கீல் ஒரு புத்தகம் வெளியிட்டார். எந்த வேகத்திலும் ஆபத்துதான் என்ற பொருளில் அதற்குத் தலைப்பு. எட்டு அத்தியாயங்கள். அமெரிக்கக் கார்த் தொழில் முழுவதையும் அவர் கூண்டில் ஏற்றினார். ஆனால் முதல் அத்தியாயம் கார்வேரைப் பற்றியது. புத்தகத்தை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் முதல் அத்தியாயத்தோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பது எழுத்தாளர்களுக்குத் தெரிந்த கசப்பான உண்மை. அவர் எழுதியது 1960 முதல் 1963 வரை செய்த வண்டிகளைப் பற்றி. ஊர் காதில் விழுந்தது 'கார்வேர்' என்ற பெயர் மாத்திரம்.

கம்பெனி பேசாமல் இருந்திருந்தால் அந்தப் புத்தகம் எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்குமோ! நேடரின் அந்தரங்க வாழ்க்கையைக் கிளற கம்பெனித் தரப்பிலிருந்து துப்பறிகிறவர்களை ஏவினார்கள். அவருடைய சிநேகிதர்களிடமெல்லாம் போய்த் துருவித் துருவிக் கேட்டார்கள். அழகான பெண்களை அனுப்பித் தம்மை வலையில் சிக்கவைக்கப் பார்த்தார்கள் என்றுகூட நேடர் சொன்னார். அதை மட்டும் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. மற்றது வெளியாகிவிட்டது. 1966 மார்ச் 22-ந் தேதி, செனட் உப கமிட்டியின் முன்னால், உலகத்தின் மிகப் பெரிய கார்க் கம்பெனியின் தலைவர் ஜேம்ஸ் ரோச், அந்த இளம் வக்கீலிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நான் ஒரு நாவலில் இப்படி ஒரு காட்சி எழுதினால், 'சார், கொஞ்சம் மிகை' என்று நீங்களே கடிதம் போடுவீர்கள்.

அதே வருஷம் செப்டம்பரில் ஜனாதிபதி ஜான்சன் மோட்டார்ப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் பிறகு அமெரிக்கக் கார்களுக்குச் சர்க்கார் விதிகள் வந்தன. அவற்றால் பிழைத்த உயிர்களை நினைத்தால் நேடர் செய்தது பெரிய காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1970-ல் கம்பெனி அவருக்கு 4,25,000 டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

வண்டியின் கதி என்ன? 1965-ல் 2 லட்சத்துக்கு மேல் விற்றது. 1966-ல் சுமார் 1 லட்சம். 1967-ல் 27 ஆயிரம். 1968-ல் 15 ஆயிரம். புத்தகம் ஒன்றினாலேயே இப்படி ஆயிற்று என்று சொல்ல மாட்டேன். மஸ்டாங் ஒரு பக்கம் வாடிக்கையைக் கொண்டுபோயிற்று. 1966 செப்டம்பரில் செவர்லேயே 'கமாரோ' என்ற புதுக் கூப்பைக் கொண்டுவந்தது. வீட்டுக்குள்ளேயே இளையாள் வந்த பிறகு மூத்தாளை யார் கவனிக்கிறார்கள்? கடைசி வருஷத்தில் செய்தது 6,000 வண்டிகள். மிச்சிகனில் வில்லோ ரன் தொழிற்சாலையின் ஒரு மூலையில் அவற்றைக் கையாலேயே சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 1969 மே 14-ந் தேதி கடைசி வண்டி வெளியே வந்தது.

இதற்குப் பின்கதை ஒன்று இருக்கிறது. சர்க்காரின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இலாகா 1963 கார்வேரை அதே காலத்து மற்ற வண்டிகளோடு ஓட்டிப் பார்த்தது. 1972-ல் தீர்ப்புச் சொன்னது: பழைய கார்வேர்கூட மற்றவற்றைவிட மோசமில்லை, கவிழும் சுபாவம் விசேஷமாக அதற்கு இல்லை. நேடர் இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. எது எப்படியானாலும், அதைக் கேட்க வேண்டிய வண்டி செத்து மூன்று வருஷமாகிவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

இனி, பழைய வண்டி வாங்குகிறவனுடைய பக்கத்திலிருந்து பாருங்கள். உலகம் வெறுத்த பொருள் விலை குறைந்து கிடைக்கும் என்பது சந்தைச் சட்டம். அதே வயதுள்ள கமாரோவைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற அமெரிக்க வாலிபன், அதற்கு எத்தனையோ குறைந்த பணத்தில் ஒரு கார்வேர் கூப்பை வீட்டுக்கு ஓட்டி வந்துவிடலாம். ஒன்றும் அபூர்வச் சரக்கு அல்ல. பத்து வருஷங்களில் 17 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். உற்பத்தி நின்ற அதே 1969-ல் பிரியர்கள் சங்கம் ஒன்று ஏற்பட்டு இன்றும் நடக்கிறது. உதிரிப் பாகங்களும் கிடைக்கின்றன.

வாங்குகிறவன் பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலாவது துரு. இந்த வண்டிக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது, உடம்பேதான் எலும்பும். தரைத் தகடும் முன் கண்ணாடியின் அடிப்பாகமும் அரித்துப் போயிருந்தால், வர்ணம் எத்தனை பளபளத்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். இரண்டாவது ஆயில் கசிவு. இஞ்சினுக்கு அடியில் பன்னிரண்டு குழல்கள், அவற்றின் இரு முனைகளிலும் ரப்பர் வளையங்கள். பழைய ரப்பர் சூட்டில் கருகிச் சொட்டும். இப்போது கிடைக்கிற நல்ல வளையங்களைப் போட்டால் தீர்ந்தது. மூன்றாவது பெல்ட். பின்புறம் நேராக நிற்கிற சக்கரத்திலிருந்து மேலே படுத்துக் கிடக்கிற விசிறிக்கு அது முறுக்கிக்கொண்டு போக வேண்டும். அறுந்தால் சிவப்பு விளக்கு எரியும். அந்த நிமிஷமே வண்டியை நிறுத்தாவிட்டால் இஞ்சின் வெந்துவிடும். விவரம் தெரிந்தவன் ஒரு பெல்ட்டும் ஸ்பானரும் வண்டியிலேயே வைத்திருப்பான். நாலாவது, குளிருக்கு உள்ளே விடுகிற சூடான காற்று இஞ்சினைத் தொட்டுக்கொண்டு வருகிறது. புகை நாற்றம் அடித்தால் அடைப்புகளைச் சரி பார்க்காமல் ஏறக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த வருஷத்து வண்டி? 1963-க்கு உட்பட்டதென்றால் டயர்க் காற்றை மந்திரம்போல் ஞாபகம் வைத்துக்கொண்டு நிதானமாக ஓட்ட வேண்டும். 1964 என்றால் பரவாயில்லை. 1965-க்குப் பிறகு என்றால் கண்ணை மூடிக்கொண்டு... இல்லை, துருவை மாத்திரம் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, வாங்கலாம்.

இந்த ஒரு கேள்வியை ஊர் கேட்கவில்லை. அதுதான் இந்த வண்டியின் துர்ப்பாக்கியம். குற்றத்துக்கு ஒரு வருஷம் உண்டு; திருந்தியதற்கும் ஒரு வருஷம் உண்டு. கெட்ட பெயருக்கு மாத்திரம் வருஷமே இல்லை. பதினைந்து டாலரை மிச்சம் பிடித்த பெரிய மனிதர்கள் பதவி உயர்ந்தார்கள். கோல் ஜெனரல் மோட்டார்ஸுக்கே தலைவரானார். பழியை மூட்டையாகக் கட்டி முதுகில் சுமந்தது, வாயில்லாத வண்டி. அறுபது வருஷம் கழித்து, அந்த மூட்டையைப் பொருட்படுத்தாமல் வண்டியைத் தட்டிப் பார்த்து, குனிந்து அடியிலே பார்த்து, 'எந்த வருஷம்?' என்று கேட்கிற எவனோ ஒருவனுக்கு நல்ல வண்டி மலிவாகக் கிடைக்கிறது. அவனைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது, மரியாதையாகவும் இருக்கிறது. வண்டிகளைப் பற்றி மாத்திரம் அல்ல, மனிதர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போதும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சொன்னால் என்ன?