தேவைப்படும்போது மட்டும் வேகம்: வீட்டு இணையத்தில் தற்காலிக வேகக்கூட்டல் குறித்த ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

வீட்டு இணைய இணைப்பை மாதக் கணக்கில் வாங்குகிறோம். வேகம் தேவைப்படுவதோ மணிக்கணக்கில். 50 எம்பிபிஎஸ் இருந்தால் ஒரு குடும்பத்தின் அன்றாடம் தாராளமாக ஓடிவிடும். 4கே தரத்தில் படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான். ஆனால் 100 ஜிபி அளவுள்ள ஒரு கணினி விளையாட்டை இறக்க அதே இணைப்புக்கு ஏறக்குறைய நாலரை மணி நேரம் வேண்டும். 200 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணி ஏழு நிமிடம். எப்போதோ வரும் இந்தத் தேவைக்காக ஆண்டு முழுக்கப் பெரிய திட்டத்துக்குப் பணம் கட்டுவதா, அன்றைக்கு மட்டும் வேகத்தைக் கூட்டிக்கொள்ள முடியுமா என்பதே இங்கு கேள்வி. கைபேசி இணையம் இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது.

2. முன்னோடிகள்

இந்த ஆசை புதிதல்ல. தொலைபேசிக் கம்பியில் வந்த ஐஎஸ்டிஎன் இணைய முறையின் காலத்தில் ஒரு வீட்டு இணைப்புக்குள் தலா 64 கேபிபிஎஸ் கொண்ட இரண்டு தடங்கள் இருந்தன. பெரிய கோப்பு இறங்கத் தொடங்கினால் கருவியே இரண்டாவது தடத்தையும் திறந்து 128 ஆக்கும். வேலை முடிந்ததும் மூடிவிடும். ஒவ்வொரு தடமும் தனித் தொலைபேசி அழைப்பாகக் கணக்கிடப்பட்ட இடங்களில், கூடுதல் வேகத்துக்குக் கூடுதல் காசு அந்த நேரத்துக்கு மட்டும்தான். இதைவிட நேர்மையான கட்டண முறை பிறகு வரவில்லை என்பேன்.

அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம் 2000-களில் ‘பவர்பூஸ்ட்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இணைப்பு சும்மா கிடக்கும்போது பயன்படாத உரிமை கணக்கில் சேர்ந்துகொண்டே வரும். எதையாவது இறக்கத் தொடங்கியதும் சேர்ந்தது தீரும்வரை, அதாவது முதல் சில விநாடிகள், வாங்கிய வேகத்தைவிட அதிகமாகப் பாயும். இணையப் பக்கம் சட்டென்று திறக்க இது உதவியது. நீண்ட பதிவிறக்கத்துக்குப் பயனில்லை. குறுகிய நேர வேகச் சோதனையில் எண் பெரிதாகத் தெரிந்ததும் இதனால்தான்.

நம் ஊரில் நடந்தது வேறு. பி.எஸ்.என்.எல். திட்டங்கள் சிலவற்றில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவது டேட்டா கணக்கில் வராமல் இருந்தது. வேகம் கூடவில்லை, நேரம்தான் தள்ளிப்போனது. டவுன்லோட் மேனேஜரில் இரண்டு மணிக்கு ஷெட்யூல் போட்டுவிட்டுப் படுக்கப் போனவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம்.

3. செயல்முறை

வேகத்தைக் கூட்ட லைன்மேன் ஏணியோடு வர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. பரவலாக உள்ள ஜிபான் ஃபைபர் முறையில் ஓர் இழையில் வீடுகளை நோக்கி 2.488 ஜிபிபிஎஸ் பாய்கிறது; அதை 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. உங்கள் வீட்டின் 50 எம்பிபிஎஸ் என்பது அந்த இழையின் எல்லை அல்ல. நிறுவனத்தின் நுழைவாயில் கருவியில் உங்கள் கணக்குக்கு எதிரே எழுதிவைத்த ஓர் எண், அவ்வளவே. ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பைத் துண்டிக்காமலே அந்த எண்ணை மாற்றும் வழியை 2008-இல் வெளியான ஆர்எஃப்சி 5176 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் விவரிக்கிறது.

ஆவணமெல்லாம் எதற்கு, சான்று வீட்டிலேயே இருக்கிறது. மாத டேட்டா வரம்பு தீர்ந்தால் வேகம் தானாகச் சரிகிறது. அதற்குப் படிவமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. அப்படிக் குறைத்தாலும் 512 கேபிபிஎஸ்சுக்குக் கீழே போகக் கூடாது என்று 2016-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட வேண்டியிருந்தது. குறைக்கத் தெரிந்த கருவிக்குக் கூட்டத் தெரியாதா? 2020 மார்ச்சில் ஊரே வீட்டுக்குள் அடங்கியபோது, ஆக்ட் ஃபைபர்நெட் என்ற இணையச் சேவை நிறுவனம் தன் சந்தாதாரர்களின் வேகத்தைக் கூடுதல் கட்டணமின்றி மாத இறுதிவரை 300 எம்பிபிஎஸ் ஆக்கியது.

நிறுவனங்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. 64 வீடும் ஒரே நேரத்தில் முழுமூச்சாக இழுத்தால் ஆளுக்கு 39 எம்பிபிஎஸ்சுக்கு மேல் கிடைக்காது. ஆனால் இந்த வாதம் இரவு ஒன்பது மணிக்குத்தான் செல்லும், விடியற்காலை மூன்று மணிக்குச் செல்லாது. நேரத்துக்கேற்ப விலை வைத்தால் சிக்கல் தீர்ந்தது.

4. வேகம் சிக்கும் இடங்கள்

கூட்டிய வேகம் வாசல்வரை வந்து, வீட்டுக்குள் தொலைந்துபோவதுண்டு. பணம் கட்டுமுன் மடிக்கணினியை ரவுட்டரில் கேபிள் வழியாகச் செருகிச் சோதிப்பது நல்லது. பெரிய திட்டத்திலும் வேகம் 94 எம்பிபிஎஸ்ஸை ஒட்டி அசையாமல் நின்றால், பழுது பெரும்பாலும் கேபிளிலோ போர்ட்டிலோதான். ஜிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் கருவிகள் பேசாமல் 100 எம்பிபிஎஸ்சுக்கு இறங்கிக்கொள்ளக்கூடும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரண்டு சுவர் தாண்டி உட்கார்ந்திருப்பவருக்கு 300-ம் ஒன்றுதான், 50-ம் ஒன்றுதான்.

வீடியோ அழைப்பு திக்கித் திணறுவதற்கும் வேகம் குறைவுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கைபேசி புகைப்படங்களைப் பின்னணியில் மேகச் சேமிப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தால் ரவுட்டரில் வரிசை நீண்டு, குரல் அதில் மாட்டிக்கொள்கிறது. புகைப்பட பேக்கப்பை நிறுத்திப் பாருங்கள், அழைப்பு சீராகிவிடும். எஃப்க்யூ-கோடெல் போன்ற வரிசை மேலாண்மை உள்ள ரவுட்டர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

வேகக்கூட்டல் உண்மையாகவே தேவைப்படுவது பதிவேற்றத்துக்கு. கல்யாண வீடியோ எடுப்பவர் 40 ஜிபி கோப்பை 10 எம்பிபிஎஸ்சில் ஏற்ற ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் ஆகும்; 100-இல் ஒரு மணிகூட ஆகாது. ஆனாலும் விளம்பரங்கள் பதிவேற்ற வேகத்தைப் பொடி எழுத்தில்தான் போடுகின்றன.

5. விதியும் கட்டணமும்

முழு இணைப்புக்கும் வேகம் கூட்டி விற்பதில் விதிச் சிக்கல் இல்லை. ஒரு குறிப்பிட்ட செயலிக்கோ தளத்துக்கோ மட்டும் கூட்டினால், இந்திய அரசு 2018-இல் ஏற்ற இணையச் சமநிலை விதிகளோடு மோதும். ஆகவே ‘கேம் பூஸ்ட்’, ‘வீடியோ பூஸ்ட்’ என்ற பெயர்களைக் கண்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

மாத நடுவில் பெரிய திட்டத்துக்கு மாறுவதே இன்று பலருக்கும் உள்ள வழி. ஏறுவது எளிது, இறங்க அடுத்த பில் தேதிவரை காத்திருக்கச் சொல்வார்கள். கைபேசிக்கு ஒருநாள் டேட்டா பேக்கை நின்ற இடத்தில் வாங்க முடிகிறது. அதே போல வீட்டு இணைப்புக்கும், பதிவேற்றத்தையும் சேர்த்து, நேரத்துக்கேற்ற விலையில் ஒருநாள் வேகப் பேக் தர வேண்டும். இணையச் சேவை நிறுவனங்கள் தாமாக முன்வராவிட்டால், 2016-இல் கீழ் எல்லை வகுத்த டிராய் இதையும் கட்டாயமாக்கலாம்.