கூடார மேடையில் ஒரு மன்னன்



விழா மலர் என்றால் வாழ்த்துச் செய்திகளும் நன்றியுரைகளும் வரவு செலவு விவரங்களும் இடம்பெறுவது வழக்கம். அவற்றிற்குப் பிற பக்கங்கள் உள்ளன. இப்பக்கங்களில் ஒரு நாடகத்தின் வரலாற்றைக் கூற விழைகிறேன். நாடகத்திற்கும் பங்குக் குருவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் சற்றுப் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். ஒரு மன்னன், ஒரு புனிதர், ஒரு நடிகர் ஆகிய மூவர் இவ்வரலாற்றில் வருகிறார்கள். மூவரும் கத்தோலிக்கராகவே கண் மூடியவர்கள்.

கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில் ஸ்ட்ராட்போர்டு என்றொரு சிறு நகர் உண்டு. ஷேக்ஸ்பியர் பிறந்த இங்கிலாந்து ஊரின் பெயரையே அதற்கு இட்டார்கள். ஊரின் ஊடே ஓடும் ஆற்றுக்கும் ஏவன் என்றே பெயர். பெயர்தான் இருந்ததே ஒழிய நாடகம் இல்லை. ரயில் எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பெரிய பட்டறைதான் அவ்வூருக்குச் சோறு போட்டது. நீராவி எஞ்சின்கள் போய் டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கிய காலம் அது. பட்டறை மூடப்பட்டால் ஊரின் கதி என்ன என்ற அச்சம் பரவியிருந்தது. (1964இல் அது மூடப்படவும் செய்தது.)

அவ்வூரில் பிறந்து, உலகப் போரில் பணியாற்றித் திரும்பிப் பத்திரிகையாளராக இருந்தவர் டாம் பாட்டர்சன். ஷேக்ஸ்பியர் பெயரைத் தாங்கிய ஊரில் ஷேக்ஸ்பியர் விழா நடத்தினால் என்ன என்று அவர் எண்ணினார். நாடகத் தொழிலில் அவருக்கு அனுபவம் ஏதும் இல்லை. 1952இல் நகர்மன்றத்திற்குச் சென்று, நியூயார்க்குக்குப் போய்ப் புகழ்பெற்ற நடிகர் லாரன்ஸ் ஒலிவியரைப் பார்த்துவர நூறு டாலர் கேட்டார். மன்றத்தார் 125 டாலர் கொடுத்தனர். கேட்டதற்கு மேல் கொடுத்த குழுவை என் குருத்துவ வாழ்வில் நான் எங்கும் கண்டதில்லை! ஒலிவியர் கிடைக்கவில்லை. ஆயினும் பாட்டர்சன் சோர்ந்துவிடவில்லை. சிலரின் உதவியால் அயர்லாந்தில் இருந்த டைரோன் கத்ரி என்ற நாடக இயக்குநரோடு தொலைபேசியில் பேசி, அவரை அழைத்தார். கத்ரியும் வந்தார்.

கத்ரி ஏன் வந்தார் என்பதை அறிய 1937க்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு கோடையில் டென்மார்க்கின் எல்சினோர் கோட்டை முற்றத்தில், திறந்த வெளியில் ‘ஹாம்லெட்’ நாடகத்தை நடத்த அவர் சென்றிருந்தார். முதல் நாளே பெருமழை கொட்டியது. வேறு வழியின்றி அருகிலிருந்த விடுதி ஒன்றின் நடனக் கூடத்தில் நாற்காலிகளைச் சுற்றிலும் போட்டு, நடுவில் நாடகத்தை நடத்தினார்கள். முன்திரை இல்லை, ஓவியத் திரைகள் இல்லை. பார்ப்பவர்களுக்கும் நடிப்பவர்களுக்கும் இடையில் கைநீட்டும் தூரமே இருந்தது. ஷேக்ஸ்பியர் தம் நாளில் எழுதியது இத்தகைய மேடைக்குத்தான் என்ற உறுதி கத்ரிக்கு ஏற்பட்டது. அத்தகைய மேடையைப் புதிதாகவே கட்டித்தர ஓர் ஊர் முன்வந்தபோது அவரால் மறுக்க இயலவில்லை.

ஏவன் ஆற்றங்கரைப் பூங்காவில் மண்ணைத் தோண்டிச் சரிவாக்கி, அரைவட்டத்திற்கும் மேலான படிக்கட்டு இருக்கைகளைக் கான்கிரீட்டில் அமைத்தார்கள். நடுவில் மக்களுக்குள் நீண்டு நிற்கும் மேடை. அதைக் கத்ரியோடு சேர்ந்து வடிவமைத்தவர் தான்யா மொய்சேவிச் என்ற பெண்மணி. மேலே கூரையாகச் சிக்காகோவிலிருந்து வரவழைத்த மாபெரும் கூடாரத் துணி. வேலை பாதியில் இருக்கையில் பணம் தீர்ந்தது. நிறுத்திவிடுங்கள் என்று விழாக்குழு சொன்ன பிறகும், ஊர்க் கட்டட ஒப்பந்தக்காரர் ஆலிவர் காஃப்னி தம் ஆட்களோடு தொடர்ந்து வேலை செய்தார். ஆலயம் கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. கடைசி நேரத்தில் நன்கொடைகள் வந்தன. கூடாரமும் எழுந்தது.

1953ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 13ஆம் நாள், கோடை வெப்பத்தில், சுமார் 1,500 பேர் முன்னிலையில் ‘மூன்றாம் ரிச்சர்டு’ அரங்கேறியது. மன்னன் வேடத்தில் வந்தவர் ஆங்கில நடிகர் அலெக் கின்னஸ். அடுத்த இரவு ஷேக்ஸ்பியரின் இன்பியல் நாடகம் ஒன்று. ஏறத்தாழ எல்லா இருக்கைகளும் நிறைந்ததால், எண்ணியதற்கு மேல் ஒரு வாரம் விழாவை நீட்டித்தார்கள். நான்கு கோடைகள் அக்கூடாரத்திலேயே விழா நடந்தது. 1957இல் அவ்விடத்திலேயே நிலையான அரங்கம் எழுந்தது. அதன் கூரையும் கூடாரத்தை நினைவூட்டும் வடிவிலேயே அமைந்தது.

இனி நாடகத்திற்கு வருவோம். அண்ணன் அரசன், தம்பி ரிச்சர்டு. அரியணைக்கும் தனக்கும் இடையில் நிற்பவர்களை ஒவ்வொருவராக அகற்றி முடி சூடுகிறான் தம்பி. இன்னோர் அண்ணன் சிறையில் மடிகிறான். அண்ணன் பிள்ளைகளான இரு சிறுவர்கள் கோட்டையில் கொல்லப்படுகிறார்கள். கூன் முதுகும் சூம்பிய கையுமாக அவனை வரைந்த ஷேக்ஸ்பியர், அவன் வாயில் தேனொழுகும் பேச்சையும் வைத்தார். அவன் நம்மை நேராகப் பார்த்துத் தன் சூழ்ச்சியைச் சொல்லும்போது நாமும் உடந்தையாகி விடுகிறோம். மக்கள் மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கும் மேடையில் இதன் ஆற்றல் பன்மடங்காகும் என்பதில் ஐயமில்லை.

குருக்களாகிய எங்களைக் குத்தும் காட்சி ஒன்றும் உண்டு. மணிமுடியை ஏற்குமாறு நகரத்தார் வேண்ட வருகையில், ரிச்சர்டு கையில் செபப் புத்தகத்தோடு இரண்டு ஆயர்களுக்கு நடுவில் நின்று, உலக ஆசையே அற்றவன் போல் மறுக்கிறான். எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த நாடகம். அந்த ஆயர்கள் வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்வதில்லை. அவர்களின் மௌனத்தைப் பற்றி ஷேக்ஸ்பியரும் விளக்கம் ஏதும் தரவில்லை.

சரி, இந்தக் கொடுங்கோலனின் படம் ஷேக்ஸ்பியருக்கு எங்கிருந்து கிடைத்தது? இங்கேதான் நம் புனிதர் வருகிறார். அவர் தாமஸ் மோர். தம் மனச்சான்றுக்காக 1535 ஜூலை 6இல் எட்டாம் ஹென்றியால் தலை வெட்டப்பட்டவர். 1935இல் பதினோராம் பத்திநாதரால் புனிதர் பட்டம் அளிக்கப்பெற்றவர். அவர் 1513 முதல் சில ஆண்டுகள் ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் மூன்றாம் ரிச்சர்டின் வரலாற்றை எழுதினார். அதை அவர் முடிக்கவில்லை, அச்சிடவும் இல்லை. பின்வந்த ஹால், ஹாலின்ஷெட் ஆகியோரின் வரலாற்று நூல்கள் வாயிலாக அது ஷேக்ஸ்பியரின் மேசைக்குச் சென்றது. கூனும் சூம்பிய கையும் தலையணையால் அமுக்கப்பட்ட சிறுவர்களும் மோரின் நூலில் உள்ளவையே.

ரிச்சர்டு போரில் விழுந்தபோது மோருக்கு வயது ஏழு. ஆகவே அவர் கண்டு எழுதியதாகச் சொல்ல இயலாது. சிறுவயதில் அவர் வளர்ந்தது கர்தினால் ஜான் மார்ட்டனின் இல்லத்தில். இந்த மார்ட்டன் ரிச்சர்டின் பகைவர், ரிச்சர்டால் சிறை வைக்கப்பட்டவர், புதிய அரச குலத்தின் தூண். அவ்வீட்டு உணவு மேசையில் ரிச்சர்டைப் பற்றி எத்தகைய பேச்சு நடந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். ஆனால் மோர் நேர்மையாளர். ‘இப்படிச் சொல்கிறார்கள்’, ‘இவ்வாறு கேள்வி’ என்றே பல இடங்களில் எழுதுகிறார். அந்த ‘சொல்கிறார்கள்’ நாடக மேடைக்கு வந்து சேர்வதற்குள் உதிர்ந்து போயிற்று, வதந்தி வரலாறாயிற்று. எட்டாம் கற்பனை இறந்தவர்களுக்கும் பொருந்துமா என்று ஞானோபதேச வகுப்பில் யாரேனும் கேட்டால், நான் இந்த மன்னனைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

ரிச்சர்டு குற்றமற்றவன் என்று நான் வாதாட வரவில்லை. 1483 ஏப்ரலில் அண்ணன் நான்காம் எட்வர்டு இறந்தார். பன்னிரண்டு வயது மகனுக்குக் காவலனாக இருக்க வேண்டிய ரிச்சர்டு, ஜூலை 6இல் தானே முடி சூடிக் கொண்டார். அண்ணனின் திருமணம் செல்லாது, முன்பே வேறொரு பெண்ணோடு மண ஒப்பந்தம் இருந்தது, ஆகவே பிள்ளைகளுக்கு உரிமையில்லை என்பது அவர் தரப்பு வழக்கு. திருமணம் செல்லுமா செல்லாதா என்பது திருச்சபை நீதிமன்றம் விசாரிக்க வேண்டியது. அதைப் பாராளுமன்றம் தீர்த்து வைத்தது என்பதே எனக்கு நெருடுகிறது. கோட்டைக்குள் போன அந்த இரு சிறுவர்களும் பிறகு வெளியில் காணப்படவில்லை. அவர்கள் என்ன ஆனார்கள் என்பது ஐயந்திரிபறத் தீர்ந்த செய்தியல்ல. ஆயினும் காவலில் வைத்தவரே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். அவருடைய 1484ஆம் ஆண்டுப் பாராளுமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர் பிணையில் வர வழி செய்தது. மன்னர் கட்டாய நன்கொடை பறிக்கும் வழக்கத்தைத் தடுத்தது. அவர் பயன்படுத்திய செபப் புத்தகம் லண்டனில் லாம்பெத் மாளிகை நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது. மேடையில் ஏந்திய புத்தகம் வேடம். அந்த நூல் உண்மை. நாடகத்தில் சாபமிட்டுத் திரியும் மார்கரெட் அரசியோ (கூடாரத்தில் அப்பாத்திரத்தை ஏற்றவர் அய்ரீன் வொர்த்) உண்மையில் 1482இலேயே பிரான்சு நாட்டில் இறந்து போனவர்!

நடிகரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். கூடார நாடகத்திற்குப் பின் கின்னஸ், 1954இல் வெளிவந்த ஒரு படத்தில் செஸ்டர்டன் படைத்த பிரவுன் அடிகளாராக நடித்தார். பிரான்சில் படப்பிடிப்பு. ஒரு மாலை அங்கியைக் கழற்றாமலே விடுதிக்கு நடந்து வருகையில், ஒரு சிறுவன் ஓடி வந்து அவர் கையைப் பற்றி, ‘சாமி’ என்று அழைத்து, கூடவே பேசிக்கொண்டு நடந்தான். தம் அரைகுறைப் பிரெஞ்சைக் கேட்டால் பையன் பயந்து விடுவானே என்று இவர் வாய் திறக்கவில்லை. சற்றுத் தூரம் சென்றதும் வணக்கம் சொல்லி வேலி இடுக்கில் மறைந்தான். யாரென்றே தெரியாத ஒருவரை, அங்கியை மட்டும் கண்டு ஒரு குழந்தை இப்படி நம்புமானால், அந்தத் திருச்சபை தாம் எண்ணியது போன்றதல்ல என்று கின்னஸ் நினைத்தாராம். பதினொரு வயது மகன் இளம்பிள்ளை வாதத்தால் படுத்திருந்த நாட்களிலும், வேலை முடிந்து திரும்பும் வழியில் ஒரு கத்தோலிக்க ஆலயத்தில் அமர்ந்து செல்வது அவர் வழக்கமாயிற்று. மகன் குணமானான். 1956 மார்ச் 24இல் கின்னஸ் திருச்சபையில் சேர்ந்தார். மறு ஆண்டு, அவர் க்வாய் நதிப் பாலப் படத்திற்காக இலங்கையில் இருந்தபோது, அவர் மனைவியும் சேர்ந்தார். தீயவன் பாத்திரத்தில் செபப் புத்தகம் ஏந்திய அதே கை, பின்னர் உண்மையாகவே அதை ஏந்தியது.

மன்னனின் கதை அத்துடன் முடியவில்லை. 1485 ஆகஸ்டு 22இல் பாஸ்வொர்த் போர்க்களத்தில் 32 வயதில் வீழ்ந்த ரிச்சர்டின் உடலை, ஆடை களைந்து குதிரை மேல் போட்டு லெஸ்டர் நகருக்குக் கொண்டு வந்தார்கள். பிரான்சிஸ்கன் துறவியர் தம் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். வென்றவனுக்கு அஞ்சாமல் தோற்றவனுக்குக் குழி தோண்டிய அத்துறவியரின் மடம் 1538இல் ஒழிக்கப்பட்டது. எலும்புகளை ஆற்றில் எறிந்து விட்டார்கள் என்றே பலரும் நம்பி வந்தனர்.

2012இல் அந்த மடம் இருந்த இடத்தில், நகராட்சி ஊழியர் கார் நிறுத்துமிடத்தைத் தோண்டினார்கள். முதல் நாளிலேயே கால் எலும்புகள் தென்பட்டன. 2013 பிப்ரவரி 4இல் லெஸ்டர் பல்கலைக்கழகம் அவை ரிச்சர்டின் எலும்புகளே என அறிவித்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. ஒரு தோள் சற்று உயர்ந்து தோன்றியிருக்கும். கூன் இல்லை, சூம்பிய கையும் இல்லை. மரபணுச் சோதனைக்கு உதவியவர்களுள் ஒருவர், ரிச்சர்டின் சகோதரி ஆன் என்பாரின் பெண்வழி வந்த மரத்தச்சர். அவர் கனடாவில், ஒண்டாரியோ மாநிலத்து லண்டன் நகரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்நகர் கூடாரம் நின்ற ஸ்ட்ராட்போர்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தூரம்தான்! மன்னனின் சவப்பெட்டியையும் ஓக் மரத்தில் அவரே செய்தார்.

2015 மார்ச் 26இல் லெஸ்டரின் ஆங்கிலிக்கன் பேராலயத்தில் மன்னன் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டான். மூன்று நாட்களுக்கு முன், அந்நகர்த் தொமினிக்கன் துறவியரின் திருச்சிலுவை ஆலயத்தில் கர்தினால் வின்சென்ட் நிக்கல்ஸ் அவனுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலி நிறைவேற்றினார்.

2022இல் ஸ்ட்ராட்போர்டில் டாம் பாட்டர்சன் பெயரால் புதிய அரங்கம் ஒன்று தன் முதல் விழாவைக் கண்டது. அதில் தொடக்க நாடகமாகத் தேர்ந்ததும் ‘மூன்றாம் ரிச்சர்டு’ தான். இம்முறை கார் நிறுத்துமிடத்தில் எலும்புகள் தோண்டி எடுக்கப்படும் காட்சியோடு நாடகம் தொடங்கியது.