ஒரு பிரிண்டரின் ஜாதகம்

பழைய லேசர் பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள்? பிளாஸ்டிக் மஞ்சளித்திருக்கிறதா, மூடி உடைந்திருக்கிறதா, ஒரு தாள் அடித்துக் காட்டச் சொன்னால் எழுத்து பளிச்சென்று விழுகிறதா? அவ்வளவுதான். பேரம் பேசி முடித்து ஆட்டோவில் ஏற்றிவிடுவார்கள்.

மாப்பிள்ளை பார்க்கப் போனவர், சட்டை இஸ்திரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த மாதிரிதான். ஜாதகம் கேட்க வேண்டாமா?

பிரிண்டருக்கு ஜாதகம் உண்டு. அலுவலகத்துக்கென்று செய்த மெஷினாக இருந்தால், அதன் பொத்தான்களை அழுத்தியே ஒரு டெஸ்ட் பேஜ் எடுக்கலாம். கம்ப்யூட்டரே வேண்டாம். பிறந்ததிலிருந்து இன்றுவரை எத்தனை பக்கம் அடித்திருக்கிறேன், என் மெமரி எவ்வளவு என்று தன் கதையைத் தானே அச்சடித்து நீட்டிவிடும். அந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. 1992ல் வந்த ஹெச்பி லேசர்ஜெட் 4 வரிசை மெஷின்களுக்கு, 2 லட்சம் பக்கத்துக்கு ஒரு முறை ரோலர்களையும் பியூசரையும் மாற்றுங்கள் என்றது கம்பெனி. மாற்றினால் வண்டி மறுபடி ஓடும். 2 லட்சம் என்பது ஆயுள் அல்ல, சர்வீஸ் தேதி.

அமெரிக்காவில் இந்த மெஷினைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்கிறவர்கள் பல வருஷம் இருந்தார்கள். அதற்கு 13 வருஷம் பின்னால் பிறந்த பிரிண்டர்கள் குப்பைக்குப் போன காலத்திலும் இது அடித்துக்கொண்டிருந்தது. தாத்தா நடக்கிறார், பேரன் படுத்துவிட்டான். ஏன்? ‘அந்தக் காலத்துச் சரக்கு’ என்று பெருமூச்சு விடுவதில் அர்த்தமில்லை. காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, முதலில் ஒரு பிடிவாதக்காரரைப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

கேரி ஸ்டார்க்வெதர். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வெப்ஸ்டர் என்ற ஊரில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம். அங்கே இவர் ஒளியியல் என்ஜினீயர். காப்பி எடுக்கும் மெஷினில் என்ன நடக்கிறது? மூலப் பிரதியின் மேல் வெளிச்சம் பாய்ந்து, அதன் பிம்பம் மின்னேற்றம் கொண்ட ஓர் உருளையில் விழுகிறது. அந்த உருளைதான் டிரம். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னேற்றம் வடிந்துவிடும், படாத இடத்தில் தங்கும். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு கறுப்புப் பொடி ஒட்டும். பொடி காகிதத்துக்கு மாறும். கடைசியில் சூடான உருளைகளுக்கு நடுவே காகிதம் போகும்போது உருகி அப்பிக்கொள்ளும். டோனர் என்பது மையே அல்ல, மாவு மாதிரி அரைத்த பிளாஸ்டிக்.

1967ல் ஸ்டார்க்வெதருக்கு ஒரு யோசனை. மூலப் பிரதியே இல்லாவிட்டால் என்ன? கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல லேசர் கதிர் நேராக உருளையில் எழுதிவிட்டால்?

மேலதிகாரிக்கு ரசிக்கவில்லை. லேசர் அப்போது யானை விலை. காப்பி மெஷினை வாடகைக்கு விட்டே பணம் கொட்டுகிறது. இதை எவன் வாங்குவான்? வேலையை நிறுத்து என்று உத்தரவு. மனுஷன் நிறுத்தவில்லை. யாருக்கும் தெரியாமல் தொடர்ந்து செய்துகொண்டிருந்தார். நாட்டின் மறுகோடியில், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் அதே கம்பெனி புதிதாக ஓர் ஆராய்ச்சி மையம் திறந்திருப்பது காதில் விழுந்தது. சண்டை போட்டு மாற்றல் வாங்கினார். 1971 ஆரம்பத்தில் போய்ச் சேர்ந்தவர், அந்த நவம்பருக்குள் ஜெராக்ஸ் 7000 என்ற காப்பி மெஷினைப் பிரித்து மேய்ந்து, உலகின் முதல் லேசர் பிரிண்டரை ஓட்டிக் காட்டிவிட்டார்.

இதில் கஷ்டமான பகுதி லேசர்கூட அல்ல, கண்ணாடி. கதிரை இடமிருந்து வலமாக இழுத்து வரி வரியாக எழுத, பல பட்டை கொண்ட கண்ணாடி ஒன்று பம்பரமாகச் சுற்ற வேண்டும். ஒரு பட்டை இம்மி சாய்ந்தாலும் வரி கோணிக்கொள்ளும். அத்தனை துல்லியமாகப் பட்டை தீட்டினால் விலை கட்டுப்படியாகாது. ஸ்டார்க்வெதர் நடுவே ஓர் உருளை வடிவ லென்ஸை வைத்தார். கண்ணாடி கொஞ்சம் தப்பினாலும் லென்ஸ் அதைச் சரியான இடத்தில் கொண்டுவந்து சேர்த்தது. லேசர் பிரிண்டர் சாமானியர் கைக்கு எட்டியதற்கு அந்தச் சில்லறைச் சாமானும் ஒரு காரணம்.

1977ல் ஜெராக்ஸ் 9700 வந்தது. நொடிக்கு 2 பக்கம். அங்குலத்துக்கு 300 புள்ளி. லட்சக்கணக்கான டாலர் விலை. ஐபிஎம் முந்தைய வருஷமே 3800 என்ற ராட்சசனை இறக்கியிருந்தது. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டு எதிலும் சம்பாதிக்கத் தெரியாமல் போன கம்பெனி என்று ஜெராக்ஸைக் கிண்டல் செய்வார்கள். லேசர் பிரிண்டர் விஷயத்தில் அது அநியாயம். பெரிய மெஷினில் கொள்ளை கொள்ளையாகச் சம்பாதித்தார்கள். சின்ன மெஷினைத்தான் கோட்டை விட்டார்கள்.

அதைப் பிடித்தது ஜப்பானின் கேனன்.

காப்பி மெஷின் என்றால் மாதத்துக்கு ஒரு தடவை பெட்டியும் கையுமாக ஒரு சர்வீஸ் ஆள் வந்தாக வேண்டும். டிரம் தேயும், பொடி தீரும், உள்ளே தூசி படியும். வீட்டிலும் சின்னக் கடையிலும் இதெல்லாம் நடக்குமா? கேனன் என்ஜினீயர்கள் யோசித்தார்கள். தேய்கிற, தீர்கிற, அழுக்காகிற அத்தனையையும் ஒரே டப்பாவுக்குள் அடைத்துவிட்டால்? தீர்ந்ததும் டப்பாவை உருவிப் போட்டுவிட்டு வேறொன்று செருகினால்? 1982ல் அவர்கள் கொண்டுவந்த சின்ன காப்பி மெஷினில் அந்த டப்பா இருந்தது. கார்ட்ரிட்ஜ்!

அருமையான யோசனைதான், சந்தேகமே இல்லை. ஒவ்வொரு கார்ட்ரிட்ஜ் மாற்றும்போதும் பிரிண்டரின் பாதி உடம்பு புதிதாகிவிடுகிறது. பழைய லேசர் பிரிண்டர் சாகாவரம் பெற்றதன் முதல் ரகசியம் இதுதான். ஆனால் காமர்ஸ் படித்த எவனுக்கும் இன்னொன்றும் உடனே உறைக்கும். மெஷினை ஒரு தடவைதான் விற்க முடியும். டப்பாவை ஆயுசுக்கும் விற்கலாம்!

அந்தப் புத்தி உடனே வேலை செய்யவில்லை. 1984ல் கேனனின் அந்த என்ஜினை வைத்து ஹெச்பி முதல் லேசர்ஜெட்டை இறக்கியபோது விலை 3,495 டாலர். நிமிஷத்துக்கு 8 பக்கம். மறு வருஷம் ஆப்பிள் அதே என்ஜினில் லேசர்ரைட்டரைக் கொண்டுவந்தது. 6,995 டாலர். இரட்டிப்பு விலை எதற்கு? மூளைக்கு. லேசர்ரைட்டருக்குள் இருந்த பிராசஸர், அதே கம்பெனியின் மெக்கின்டாஷில் இருந்ததைவிட வேகமானது. எழுத்தையும் படத்தையும் எங்கே எப்படி வரைய வேண்டும் என்று சொல்கிற போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி அதற்குத் தெரியும். எழுதியவர்கள் அடோபி கம்பெனியின் ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும். இருவரும் அதே பாலோ ஆல்டோவிலிருந்து, தங்கள் சரக்கை ஜெராக்ஸ் கடைக்கே அனுப்ப மாட்டேன் என்கிறதே என்று கிளம்பிப் போனவர்கள். 1985லேயே பேஜ்மேக்கர் சாஃப்ட்வேரும் சேர்ந்துகொள்ள, டிடிபி என்ற தொழில் பிறந்தது. பின்னாளில் நம்மூர்ச் சந்துகளில்கூட ‘லேசர் அச்சு’ போர்டு தொங்கியது, கல்யாணப் பத்திரிகை பட்டர் ஷீட்டில் பிரின்ட் எடுத்து ஆஃப்செட்டுக்குப் போனது எல்லாம் இதன் வால்தான்.

ஹெச்பியும் தன் பிரிண்டருக்கு பிசிஎல் என்ற மொழியைச் சொல்லிக்கொடுத்திருந்தது. லேசர்ஜெட் 4க்கு அதன் 5வது பதிப்பு தெரியும். 600 புள்ளி. இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால் இடுப்புக்கு நல்லது. லாபம் மெஷினிலேயே இருந்ததால், மெஷினை மெஷினாகச் செய்தார்கள்.

பிறகு விலைப் போட்டி. பிரிண்டரின் விலையை எங்கே வெட்டலாம்? பிளாஸ்டிக்கை மெலிதாக்கினார்கள், அது போகட்டும். பல சின்ன மாடல்களில் மூளையையே எடுத்துவிட்டார்கள். படம் வரைகிற வேலையெல்லாம் கம்ப்யூட்டர் தலையில். 2005ல் வந்து நம்மூரில் திரும்பிய பக்கமெல்லாம் தென்பட்ட ஹெச்பி 1020 இந்த ரகம். பொத்தான் கிடையாது, திரை கிடையாது. கரண்ட் போட்டதும் தான் யார் என்பதே அதற்குத் தெரியாது. கம்ப்யூட்டர்தான் ஒவ்வொரு தடவையும் அதன் ஃபர்ம்வேரை ஊட்டிவிட வேண்டும். டிரைவர் இல்லாவிட்டால் நல்ல மோட்டாரும் நல்ல லேசரும் இருந்தும் அது வெறும் டப்பா. லினக்ஸ்காரர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் தாங்களே ஒரு டிரைவர் எழுதிக்கொண்டார்கள்.

பிசிஎல்லோ போஸ்ட்ஸ்கிரிப்ட்டோ தெரிந்த கிழவனுக்கு இந்தப் பிரச்னை இல்லை. எந்தக் கம்ப்யூட்டர் அந்த மொழியில் பேசினாலும் அச்சடிப்பான். கேபிள்தான் பழைய பேரலல் போர்ட், அதற்கு மாற்று கனெக்டர் கிடைக்கும். இது இரண்டாவது ரகசியம்.

மூன்றாவதற்காக கோர்ட்டுக்கே போனார்கள்.

லெக்ஸ்மார்க் என்று ஒரு கம்பெனி. ஐபிஎம்மிலிருந்து 1991ல் பிரிந்தது. காலி கார்ட்ரிட்ஜில் பொடி நிரப்பி விற்கிறவர்கள் அதன் வயிற்றில் அடித்தார்கள். 1997ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கார்ட்ரிட்ஜை விலை குறைத்துத் தருகிறோம், தீர்ந்ததும் எங்களிடம்தான் திருப்பித் தரவேண்டும். மீறுகிறவர்களைத் தடுக்க கார்ட்ரிட்ஜில் ஒரு சிப். சிப் சரியாகப் பதில் சொன்னால்தான் பிரிண்டர் ஓடும். வட கரோலினாவின் ஸ்டேட்டிக் கன்ட்ரோல் அதே பதிலைச் சொல்லும் சிப்பைச் செய்து ரீஃபில்காரர்களுக்கு விற்றது. 2002 கடைசியில் வழக்கு. சினிமா, பாட்டுத் திருட்டைத் தடுக்க வந்த டிஜிட்டல் காப்புரிமைச் சட்டத்தின் கீழ்! திருடப்பட்டதாகச் சொன்ன புரோகிராம்களில் ஒன்றின் அளவு எவ்வளவு தெரியுமா? 55 பைட். ஒரு வரி ஆங்கிலம் எழுதக்கூடப் போதாது. கீழ்க்கோர்ட் 2003ல் தடை போட்டது. 2004ல் மேல்கோர்ட் தடையை உடைத்தது.

லெக்ஸ்மார்க் விடவில்லை. அடுத்து காப்புரிமையைக் கழற்றிவிட்டு, கண்டுபிடிப்புக்கான பேட்டன்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. ரீஃபில்காரர்கள் மொத்தமாகப் பிரதிவாதிகள் ஆனார்கள். ஒவ்வொருவராகச் சமரசமாகிக் கழன்றுகொள்ள, மேற்கு வர்ஜீனியாவின் இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனி மட்டும் நின்று ஆடியது. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. 2017 மே 30 அன்று தீர்ப்பு. எழுதியவர் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். விற்றுவிட்ட பொருளின் மேல் பேட்டன்ட் உரிமை அத்தோடு தீர்ந்துவிடும், என்ன நிபந்தனை போட்டு விற்றிருந்தாலும் சரி என்றார். வெளிநாட்டில் விற்றதற்கும் அதே சட்டம்தான். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம், பழைய காரை வாங்கி ரிப்பேர் செய்து விற்கிற பட்டறை. காருக்குள் இருக்கும் ஆயிரம் உதிரிபாகக் கம்பெனிகளும் விற்ற பிறகு உரிமை கொண்டாடினால் அந்தப் பட்டறை எப்படி நடக்கும்?

ரீஃபில்காரர்கள் ஜெயித்தார்கள். பிரிண்டர் வாங்கியவர் ஜெயித்தாரா? பாதிதான். கோர்ட் சொன்னது, கம்பெனி உங்கள் மேல் பேட்டன்ட் வழக்குப் போட முடியாது என்பதை. பிரிண்டரே மாட்டேன் என்று முரண்டு பிடித்தால்? தீர்ப்புக்கு முன்பே, 2016 செப்டம்பரில், சில ஹெச்பி இங்க்ஜெட் பிரிண்டர்கள் வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜை ஒரே நாளில் நிராகரித்தன. முன்கூட்டியே உள்ளே போயிருந்த ஃபர்ம்வேரின் கைங்கரியம். சட்டத்தால் பூட்ட முடியாததை சாஃப்ட்வேரால் பூட்டுவது இன்று லேசர் மாடல்களிலும் சகஜம்.

லேசர்ஜெட் 4ன் கார்ட்ரிட்ஜில் சிப் கிடையாது. மூளையில்லாத 1020ன் 12ஏ கார்ட்ரிட்ஜிலும் கிடையாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆரம்பித்து தாலுகா ஆபீஸ் வாசல் ஜெராக்ஸ் கடைவரை 12ஏ ரீஃபில் செழித்ததற்கு அதுவே காரணம். 2,000 பக்கம் வரும் என்று கம்பெனி சொல்வது, ஒரு பக்கத்தில் 5 சதவீதம் மட்டும் கறுப்பு விழுந்தால் என்ற கணக்கில். அடர்த்தியாக அடித்தால் குறையும்.

ஆக, பழசு வாங்கப் போகிறவர் கேட்க வேண்டியவை: கார்ட்ரிட்ஜில் சிப் உண்டா, பிசிஎல்லோ போஸ்ட்ஸ்கிரிப்ட்டோ தெரியுமா, எத்தனை பக்கம் ஓடியிருக்கிறது. பிறகு கையில் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். அடித்த தாளில் ஒரே கறை திரும்பத் திரும்ப வருகிறதா? இடைவெளியை அளங்கள். 12ஏ மாடலில் 75 மில்லிமீட்டருக்கு ஒரு தடவை வந்தால் குற்றவாளி டிரம், அதாவது கார்ட்ரிட்ஜ் மாற்றினால் போய்விடும். விரலால் தேய்த்ததும் எழுத்து உதிர்ந்தால் பியூசரில் கோளாறு. பேரத்தில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். தாளை இழுக்கத் தடுமாறினால் ரோலர் ரப்பர் வழுக்கையாகிவிட்டது, சல்லிசான சமாசாரம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இன்வர்ட்டர் லைனில் மட்டும் மாட்டிவிடாதீர்கள். பியூசர் சூடேறும் அந்தச் சில நொடியில் இஸ்திரிப்பெட்டி மாதிரி கரண்ட் இழுக்கும்.