நிறம் பதியாத நூற்றாண்டு: சிங்கப்பூரின் இளஞ்சிவப்பு மலர்களும் நிழற்படப் பதிவும்

சிங்கப்பூரின் தேக்காப் பகுதியில், பஃபலோ சாலையிலும் கேம்பல் லேனிலும் உள்ள பூக்கடைகளின் முன்னே எந்நேரமும் யாரேனும் ஒருவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து நிற்பதைக் காணலாம். அவர் பெரும்பாலும் படம்பிடிப்பது வெண்ணிற மல்லிகைச் சரத்தை அன்று. வாளி நீரில் நிற்கும் தாமரை மொட்டுகளையோ அரளி கலந்த மாலையையோ தேடித்தான் அவர் கை நீள்கிறது. அங்கிருந்து புறப்பட்டுச் செல்பவர் வழியிலும் இதே நிறத்தைக் காண்பார். நடைமேம்பாலத் தொட்டிகளில் காகிதப்பூ, அடுக்குமாடித் தாழ்வாரத்துச் சட்டியில் நித்தியகல்யாணி, விளையாட்டுத் திடலின் புல்லுக்குள் தொட்டாற்சுருங்கியின் உருண்டைப் பூ எனப் பலவும் உள. இவற்றையும் நின்று படம் எடுப்போர் உண்டு.

இதனைப் பொழுதுபோக்கு எனக் கொண்டு வரலாற்று மாணவர் கடந்து செல்வதே வழக்கம். நாமும் அவ்வாறு கடந்து சென்றவர்களே. சிங்கப்பூரின் பழைய நிழற்படங்களை வேறொரு நோக்கத்திற்காகப் பார்வையிட்டபோதுதான் ஓர் இன்மை நம் கண்ணில் பட்டது. அத்தீவின் நிழற்பட வரலாறு மிகவும் பழமையானது. 1843ஆம் ஆண்டிலேயே காஸ்தோன் துத்ரோன்குவா என்பவர் தம் விடுதியில் டாகரோடைப் முறையில் உருவப்படம் எடுத்துத் தருவதாக விளம்பரம் செய்தார். 1867இல் தொடங்கப்பட்ட லாம்பர்ட் நிறுவனம் துறைமுகம், கடைத்தெரு, தோட்டம், பல இனத்து மக்கள் என எடுத்துக் குவித்த படங்கள் இன்றும் நூல்களில் மீண்டும் மீண்டும் அச்சேறுகின்றன. ஆயினும் நாம் மேலே கூறிய நிறம் அப்பதிவில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இல்லை.

கறுப்புவெள்ளைப் படத்தில் எந்த நிறமும் இல்லைதானே என வினவலாம். ஆனால் இழப்பு எல்லா நிறத்திற்கும் ஒரே அளவினதாக அமையவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தன. செந்நிறம் அவற்றில் ஏறத்தாழக் கறுப்பாகவே பதிந்தது. இளஞ்சிவப்போ தன்னுள் கலந்துள்ள நீலத்தின் அளவுக்கேற்ப வெளிறியோ கருத்தோ தோன்றும். எனவே, அக்காலப் படமொன்றில் சாம்பல் நிறத்தில் காணப்படும் மலரை நோக்கி அது எந்நிறத்தது என உறுதிகூற இயலாது. நிறமேற்றிய பழைய அஞ்சலட்டைகளும் நமக்கு உதவா. அவற்றின் நிறம் அச்சகத்தில் பின்னர் ஏற்றப்பட்டது. ஏற்றியவர் அம்மலரைக் கண்டிருக்க வேண்டியதில்லை.

அப்படியாயின் இந்நிறத்தைக் காத்தவர் யார்? ஓவியர்களே. சிங்கப்பூரின் முதல் ரெசிடென்ட் பொறுப்பை 1819 முதல் 1823 வரை வகித்த வில்லியம் ஃபார்குவார், அதற்கு முன்னர் மலாக்காவில் இருந்த காலத்தில் தீபகற்பத்தின் செடிகொடிகளையும் விலங்குகளையும் நீர்வண்ண ஓவியங்களாகத் தீட்டச் செய்தார். மொத்தம் 477 ஓவியங்கள். தீட்டியோர் சீன ஓவியர்கள். அவர்தம் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. படங்களில் மலாய்ப் பெயர்கள் எழுதப்பட்டிருத்தல் குறிப்பிடத்தக்கது. பூவின் பெயர் நின்றது, வரைந்தவன் பெயர் நிற்கவில்லை. நெடுங்காலம் இலண்டனில் இருந்த இத்தொகுப்பு 1990களில் ஏலத்தில் வாங்கப்பட்டுச் சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்திற்கு நன்கொடையாக வந்து சேர்ந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் மலாக்காவில் பூத்த ஒரு பூ என்ன நிறத்தில் இருந்தது என்பதை இன்று அறிய இயல்வது இவ்வோவியர் கைவண்ணத்தால்தான்.

இவ்விடத்தில் சிங்கப்பூரின் தேசிய மலரை நோக்குதல் பொருத்தமாகும். ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்த ஆக்னஸ் ஜோக்கிம் (1854–1899) தம் தோட்டத்தில் பெற்ற ஆர்க்கிட் மலரைத் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லியிடம் காட்டினார். ரிட்லி 1893இல் இலண்டன் தோட்டக்கலை இதழொன்றில் அதனை அறிமுகம் செய்தபோது, அம்மையார் இரு வாண்டா இனங்களை இணைத்து இக்கலப்பினத்தை உருவாக்கினார் என எழுதினார். இதழ்களின் ரோஜா கலந்த ஊதாவையும் உதட்டுப் பகுதியின் செம்மஞ்சளையும் அவர் சொற்களால்தான் விளக்க வேண்டியிருந்தது. அக்காலத் தகட்டில் இம்மலரைப் படம் எடுத்திருந்தால் இதழ் வெளிறியும், அதன் அழகுக்கே காரணமான உதடு இருண்டும் பதிந்திருக்கும். உலர்த்திக் காக்கப்படும் தாவர மாதிரிகளிலும் நிறம் நாளடைவில் மங்கிவிடும்.

இம்மலர் பற்றிய பிற்கால வழக்கு நாம் கூறவந்ததை மேலும் தெளிவாக்குகிறது. ஆக்னஸ் அதனை உருவாக்கவில்லை, தோட்டத்து மூங்கிற் புதரருகே தற்செயலாகக் கண்டெடுத்தார் என்றொரு கதை இருபதாம் நூற்றாண்டில் பரவியது. வண்டு செய்த வேலைக்குப் பெண்ணொருத்தி புகழ்பெற்றாள் என்னும் குறிப்பு அக்கதையில் உண்டு. 1981ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அன்றைய பண்பாட்டு அமைச்சர் தனபாலன் இதனைத் தேசிய மலராக அறிவித்த பின்னரும் ஐயம் நீடித்தது. 2016இல்தான் அம்மையாரே இதனை உருவாக்கியவர் என அதிகாரமுறைப் பதிவு திருத்தப்பட்டது. ரிட்லி எழுதிவைத்த ஒரு வாக்கியம் இருந்ததால் இவ்வழக்கு தீர்ந்தது. வெறும் படம் மட்டும் எஞ்சியிருந்தால், அது எத்துணை அழகிய வண்ணப்படமாயினும், இவ்வினாவிற்கு விடை சொல்லியிராது.

தெருவோரத் தாவரங்களைப் படத்துடன் முறையாகப் பதிவு செய்த பெருநூல் 1940இல் வந்தது. தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய கார்னரின் 'மலாயாவின் வழியோர மரங்கள்' என்னும் அந்நூல் இரு தொகுதிகளைக் கொண்டது. இரண்டாம் தொகுதி முழுவதும் நிழற்படங்கள். காட்டின் அரிய மரங்களை விடுத்து, மக்கள் அன்றாடம் கடந்து செல்லும் மரங்களை ஆய்வுப்பொருளாக்கியது அதன் சிறப்பு. எனினும் அதன் படங்களும் கறுப்புவெள்ளையே. பூவின் நிறத்தை அறிய முதல் தொகுதியின் விளக்கத்தையும் இரண்டாம் தொகுதியின் படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இதனை நாம் குறையாகக் கூறவில்லை. சொல்லும் படமும் ஒன்றையொன்று சார்ந்து நின்ற அம்முறையே நாம் இன்று இழந்து வருவது.

சிங்கப்பூரின் பசுமைத் திட்டத்தின் தொடக்கத்திலும் ஓர் இளஞ்சிவப்புப் பூ மறைந்திருக்கிறது. 1963 ஜூன் 16ஆம் நாள் பிரதமர் லீ குவான் யூ ஃபாரர் சர்க்கஸில் மரம்நடு இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். அன்று நடப்பட்டது மெம்பாட் மரக்கன்று. இவ்வட்டாரத்திற்கே உரிய இம்மரம், இலையுதிர்த்துத் தளிர்க்கும் காலத்தில் கிளையெல்லாம் வெளிர் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். அந்நிகழ்வின் கறுப்புவெள்ளைப் படத்தைப் பார்ப்பவர் மண்வெட்டியையும் மனிதரையும் காண்பார். நடப்பட்ட மரம் என்ன நிறத்தில் பூக்கும் என்பதை அறியார். 1967இல் 'தோட்ட நகரம்' என்னும் குறிக்கோள் அறிவிக்கப்பட்டது. முதலில் நிழல்தரும் மரங்களே முதன்மை பெற்றன. வண்ணப்பூக்கள் பேரளவில் தெருவுக்கு வந்தது அதன்பின் 1980களை ஒட்டியே எனலாம். அதே காலத்தில்தான் வண்ணப்படச் சுருள் எளிய குடும்பங்களின் கைக்கும் எட்டியது. தெருவில் பூவும் வீட்டில் வண்ணப்படமும் ஒரே தலைமுறையில் வந்து சேர்ந்தன. திருமணத் தொகுப்பிலும் பிறந்தநாள் படத்திலும் பின்னணியாக அப்பூக்கள் இடம்பெற்றன. யாரும் அவற்றை ஆவணமாகக் கருதி எடுக்கவில்லை. அதனாலேயே அவை நம்பத்தக்கவை.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டுச் சிற்றூரில் வேலியோர அரளியைப் பறித்துப் பூசைக்குக் கொண்டுசெல்வது இயல்பு. சிங்கப்பூரின் பூங்காக்களிலோ செடியைப் பறிப்பது சட்டப்படி குற்றம். பறிக்கக் கூடாத பூவை எடுத்துச் செல்லப் படம் ஒன்றே வழி. பூசைக்கும் கூந்தலுக்கும் உரிய பூ கடையில் விலைக்குக் கிடைக்கிறது. வழியோரப் பூ படமாக மட்டும் வீடு சேர்கிறது.

இனிப் பெயருக்கு வருவோம். தமிழாசிரியர்களாகிய நமக்கு நேரடியாக உரியது இப்பகுதியே. 'பிங்க்' என்பதற்கு நாம் இன்று இளஞ்சிவப்பு என எழுதுகிறோம். பேச்சில் 'ரோஸ்' என்கிறோம். ஆங்கிலச் சொல்லும் ஒரு தோட்டப்பூவின் பெயரிலிருந்து நிறப்பெயராக மாறியதே. இரு மொழியினரும் இந்நிறத்திற்குப் பூவிடமே பெயர் கேட்டிருக்கின்றனர். ஆனால் பழந்தமிழ் மரபு இதனைத் தனி நிறமாகப் பிரிக்காமல் செம்மைக்குள் அடக்கியது. தேக்காவில் வாளியில் நிற்கும் தாமரை, கைப்பேசித் திரையில் ஐயமற இளஞ்சிவப்பு. அதன் பெயரோ செந்தாமரை. செவ்வரளியும் அவ்வாறே. படத்தைக் காட்டி 'இது சிவப்பா?' என மாணவர் வினவுவதில் பிழையில்லை. நிறங்களை ஒவ்வொரு மொழியும் தனக்கேற்ற எல்லையிட்டுப் பகுக்கிறது என்னும் மொழியியல் பாடத்தை இதனினும் எளிதாகத் தொடங்க இயலாது.

பிற பெயர்களும் அவ்வாறே கூர்ந்த நோக்கின் விளைவுகள். பிரேசிலிலிருந்து உலகெங்கும் பரவிய போகன்வில்லாவை மலாய்க்காரர் 'புங்கா கெர்த்தாஸ்' என்பர். நாம் காகிதப்பூ என்கிறோம். இரண்டும் ஒரே பொருளன. நாம் பூ எனக் கருதும் வண்ண இதழ்கள் உண்மையில் பூவடிச் செதில்கள் என்பதையும், நடுவே உள்ள வெண்ணிறச் சிறு குழல்களே பூக்கள் என்பதையும் தாவரவியல் கூறும். காகிதம் என்ற பெயர் அதனை முன்னரே ஐயுற்றது போலும். மடகாஸ்கரிலிருந்து வந்த நித்தியகல்யாணிக்குத் தமிழில் சுடுகாட்டு மல்லி என்னும் பெயரும் உண்டு. என்றும் மணக்கோலமும் இடுகாடும் ஒரே செடிக்குப் பெயராயின. சிங்கப்பூர்க் கடற்கரை மணலில் படரும் அடும்பின் பூவும் செவ்வூதா கலந்த இளஞ்சிவப்பே. சங்க நெய்தற் பாடல்கள் அதன் பிளவுபட்ட இலையை மானடிக்கு ஒப்பிடுகின்றன. இலையைப் படமெடுத்து வகுப்பறையில் காட்டினால் உவமைக்கு உரை தேவைப்படாது.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை நிரல்படக் கூறுகிறார். அவற்றுள் சிலவற்றை இன்ன பூவென அடையாளம் காண்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அங்கே பெயர் உண்டு, படம் இல்லை. இன்று கைப்பேசிகளில் படம் உண்டு, பெயர் இல்லை. கைப்பேசி எடுக்கும் படத்தில் நாளும் நேரமும், பலவேளைகளில் இடமும் தாமே பதிகின்றன என்பது உண்மை. ஆனால் செய்திச் செயலிகளின் வழியே அப்படம் கைமாறும்போது அவ்விவரம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. எஞ்சுவது ஒரு பூ மட்டுமே. அது சிங்கப்பூரில் பூத்ததா சென்னையில் பூத்ததா என்பதைக்கூடச் சொல்ல முடியாது.

சிங்கப்பூர் போன்று இடங்கள் விரைந்து மாறும் நாட்டில் இது சிறிய இழப்பன்று. தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து சென்ற மலாயா இரயில் 2011 ஜூன் 30உடன் நின்றது. தண்டவாளம் அகற்றப்படுமுன் மக்கள் திரளாகச் சென்று அவ்வழியே நடந்தனர். கையில் படக்கருவி இல்லாதவர் அரிது. நிலையத்தையும் பாலத்தையும் எடுத்தவர் பலர். சரளைக் கற்களினூடே முளைத்த களைச்செடிகளைக் குனிந்து எடுத்தவர்களும் இருந்தனர். பாலங்களைப் பற்றி அறிய அரசு ஆவணங்கள் உள்ளன. தண்டவாளத்தோரம் அந்த ஜூலையில் என்ன பூத்தது என்பதற்கு அச்சிலர் எடுத்த படங்களைத் தவிர வேறு சான்று ஏது? அவற்றின் கீழே இடமும் நாளும் எழுதப்பட்டிருந்தால் அவை ரிட்லியின் வாக்கியத்திற்கு நிகர்.

தமிழ்ப்பெயரே இல்லாத பூக்களும் உள. நடு அமெரிக்காவிலிருந்து வந்து சிங்கப்பூர்ச் சாலையோரங்களை நிறைத்துள்ள தபேபுயா ரோசியா அவற்றுள் ஒன்று. பெரும்பாலும் மார்ச்–ஏப்ரலிலும் ஆகஸ்ட்–செப்டம்பரிலும், வறண்ட நாள்களைத் தொடர்ந்து மழை பெய்தபின், மரம் முழுவதும் பூத்துச் சில நாள்களில் நடைபாதையெங்கும் உதிர்ந்துவிடும். அவ்வேளையில் ஊரே படமெடுக்கும். நமக்குத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர் அப்படங்களைக் கொண்டுவந்து தமிழில் குறிப்பெழுதுமாறு தம் மாணவர்களிடம் கூறினார். ஏறத்தாழ அனைவரும் 'சிங்கப்பூர் சகுரா' என்றே எழுதியிருந்தனர். ஒருவர் மட்டும் பூவின் பெயரிடத்தை வெறுமையாக விட்டு, தம் புளோக் எண்ணையும் 'மழைக்கு மறுநாள் காலை' என்பதையும் எழுதியிருந்தார்.