கொயினா போன வழி

 திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து இலங்கையின் கண்டி மலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனவர்களின் கதையையும் மலேரியா மருந்தின் கதையையும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் நீலகிரியில் வந்து சேர்கின்றன.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டையில்தான் குயினைன் இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் அது கொயினா. அந்த மரத்தைத் தேடி ஆங்கிலேயரான கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெருவுக்குப் போனார். 1860இல் அவர் உதகைக்குக் கொண்டுவந்த கன்றுகள் பிழைக்கவில்லை. ஈக்குவடோரிலிருந்து தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்புரூஸ் அனுப்பிய செம்பட்டை வகை வேர்பிடித்தது. உதகை அரசுத் தோட்டத்தின் பொறுப்பாளர் மெக்கைவர் அதை வளர்த்தெடுத்தார். மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடி வைப்பது அவருடைய உத்தி. புதிதாக வளரும் பட்டையில் மருந்துச் சத்து கூடியிருந்தது. நீலகிரியின் நடுவட்டத்தில் காடு திருத்தவும் கன்று நடவும், மலாயாப் பக்கத்துப் பிரிட்டிஷ் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளைப் பயன்படுத்தினார்கள். அவர்களை அடைத்து வைத்த சிறைக் கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது.

பட்டையில் குயினைனோடு வேறு மூன்று ஆல்கலாய்டுகளும் உண்டு. அவையும் காய்ச்சலைத் தீர்க்குமா என்று பார்க்க 1866இல் சென்னை, வங்காள, பம்பாய் மாகாணங்களில் சோதனை தொடங்கியது. சுமார் 3,600 நோயாளிகளிடம் பார்த்ததில் நான்குமே நன்றாக வேலை செய்தன. விலை மலிவான மருந்தைத் தேடிய அரசுக்கு இது நல்ல சேதி.

ஆனால் சந்தை ஜாவாவின் பக்கம் சாய்ந்தது. வணிகர் சார்லஸ் லெட்ஜர் அனுப்பிய சிங்கோனா விதைகளை லண்டன் வேண்டாம் என்றது; ஜாவாவை ஆண்ட டச்சுக்காரர்கள் வாங்கினார்கள். அந்த மரங்களில் குயினைன் பல மடங்கு இருந்ததால், 1930களில் உலகின் குயினைனில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவிலிருந்து வந்தது. 1942இல் ஜப்பான் அந்தத் தீவைப் பிடித்தபோது நேச நாட்டுப் படைகள் மருந்துக்குத் தவித்தன.

அந்தத் தவிப்பு குளோரோகுயினுக்கு வழிவிட்டது. 1934இலேயே ஜெர்மனியின் பேயர் ஆய்வகத்தில் ஹான்ஸ் ஆண்டர்சாக் அதை உருவாக்கியிருந்தார். நச்சு அதிகம் என்று தவறாகக் கணித்து ஒதுக்கிவிட்டார்கள். போருக்குப் பிறகு அது மலிவாக, மூன்று நாளில் காய்ச்சலை அடக்கும் மாத்திரையாக வந்தது. கொயினா பட்டையைக் கேட்க ஆளில்லை. அரசின் சிங்கோனா நிலங்கள் காலப்போக்கில் தேயிலைக்கு மாறின. 1964 சிறிமா–சாஸ்திரி உடன்பாட்டால் இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை தரவென 1968இல் அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டமே பிறகு டான்டீ என்ற அரசு நிறுவனமானது.

அவர்கள் திரும்பிய காலத்தில் மாத்திரையின் சரிவும் தொடங்கியிருந்தது. 1950களின் கடைசியில் தாய்லாந்து–கம்போடியா எல்லையில் குளோரோகுயினுக்கு மசியாத ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை மலேரியாக் கிருமி தென்பட்டது. 1973இல் அசாமின் கார்பி ஆங்லாங்கிலும், 1984இல் இலங்கையிலும் அதே கதை. இதில் கிருமியின் சாமர்த்தியத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. சமையல் உப்பில் குளோரோகுயினைக் கலந்து ஊர் முழுக்கக் கொடுத்த திட்டங்கள் பிரேசிலிலும் கம்போடியாவிலும் நடந்தன. கொல்லப் போதாத அளவு மருந்தை நாள்தோறும் ஊட்டினால் தாக்குப்பிடிக்கும் கிருமிதான் மிஞ்சும்.

சீனாவின் து யூயூ 1970களில் மாசிபத்திரி இனத்துச் செடி ஒன்றிலிருந்து பிரித்த ஆர்ட்டிமிசினின் அடுத்த ஆயுதம். அதைத் தனியாகக் கொடுக்காமல் இன்னொரு மருந்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது குளோரோகுயினிடம் கற்ற பாடம். குளோரோகுயின் எதிர்ப்பு தென்பட்ட இந்தியப் பகுதிகளுக்கு 2005இல் வந்த இந்தக் கூட்டு மருந்து, 2010இல் இந்தியா முழுவதும் ஃபால்சிபாரத்துக்கு விதியானது. வடகிழக்கில் கூட்டாளி மருந்தான சல்ஃபாடாக்சின்–பைரிமெத்தமின் தளர்ந்துவிட, 2013இல் அங்கே மட்டும் லுமெஃபான்ட்ரின் அந்த இடத்துக்கு வந்தது. கம்போடியாவில் ஆர்ட்டிமிசினினே மெதுவாக வேலை செய்வது 2008 வாக்கிலேயே தெரிந்தது. இப்போது ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் தெரிகிறது.

சென்னையின் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் வளரும் கொசு பரப்பும் வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா வகைக்கு மட்டும் இந்தியாவில் குளோரோகுயின் இன்னும் கைகொடுக்கிறது. கூடவே, கல்லீரலில் பதுங்கும் கிருமிக்காகப் பிரைமாகுயினைப் பதினான்கு நாள் விழுங்க வேண்டும். காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிடுவதால் பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.