அமெரிக்கப் பங்குப் பள்ளி: கட்டளைக் காலமும் அழைப்புக் காலமும்

அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்கப் பங்கு, மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை தன் கோயில் வளாகத்திலேயே நடத்தும் பள்ளியே பங்குப் பள்ளி. கோயில், குருவானவர் இல்லம், கன்னியர் மடம், பள்ளி ஆகிய நான்கு கட்டடங்களும் ஒரே தெருமுனையில் நிற்பது இதன் பழைய அமைப்பு. கோடை விடுமுறை முடிந்து ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ பள்ளி திறக்கும்போது இப்போது குடும்பங்களுக்குப் பெரிய வரவேற்பு நடக்கிறது. திறப்பதற்குச் சில நாள் முன்பே பெற்றோர் பிள்ளையோடு வந்து வகுப்பறையைப் பார்த்து, ஆசிரியரிடம் பேசிவிட்டுப் போகிறார்கள். மைதானத்தில் ஐஸ்கிரீம் வழங்கப்படுகிறது. ஞாயிறு திருப்பலியில் குருவானவர் பிள்ளைகளின் புத்தகப் பைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறார். தொன்றுதொட்டு வரும் வழக்கம்போலத் தோன்றும் இந்த வரவேற்பு உண்மையில் மிகப் பிந்தியது. நெடுங்காலம் இப்படி வரவேற்க வேண்டிய தேவையே எழவில்லை. பிள்ளையை அனுப்புவது கடமை என்று திருச்சபை விதித்திருந்தது; பெற்றோரில் பலர் அனுப்பினார்கள்.

தொடக்கம் எளிமையானது. கத்தோலிக்க மறைக்கு மாறிய கைம்பெண்ணான எலிசபெத் ஆன் சீட்டன், 1809இல் மேரிலாந்து மாநிலத்தின் எம்மிட்ஸ்பர்க்கில் ஒரு துறவற சபையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அந்தச் சகோதரிகள் அப்பகுதிச் சிறுமிகளுக்கு இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார்கள். பின்னாளில் நாடெங்கும் பரவிய பங்குப் பள்ளிகளுக்கு இதையே முன்னோடியாகச் சொல்வது வழக்கம். சீட்டன் 1975இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அமெரிக்காவில் பிறந்தவர்களில் அந்த நிலைக்கு உயர்ந்த முதல் நபர் அவர்.

பள்ளிகள் பெருகியதற்குக் காரணம் வேறு. 1830களில் மாசசூசெட்ஸில் ஹொரேஸ் மான் முன்னெடுத்த பொதுப் பள்ளி இயக்கம் நாடெங்கும் பரவியது. சமயச் சார்பற்றவை என்று சொல்லப்பட்ட அப்பள்ளிகளில் நாள்தோறும் வாசிக்கப்பட்டது புரோட்டஸ்டண்டுகளின் விவிலிய மொழிபெயர்ப்பு. அயர்லாந்திலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கிய கத்தோலிக்கர்களுக்கு அது உறுத்தியது. பிலடெல்பியா ஆயர் கென்ரிக், கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் மொழிபெயர்ப்பை வாசிக்க அனுமதி கேட்டார். அந்தச் சிறு கோரிக்கை, விவிலியத்தையே பள்ளியிலிருந்து வெளியேற்றும் சதியாகத் திரிக்கப்பட்டது. 1844 மே மாதக் கலவரத்தில் அந்நகரின் புனித மிக்கேல், புனித அகுஸ்தீன் கோயில்கள் எரிக்கப்பட்டன. நியூயார்க்கிலோ ஆயர் ஜான் ஹியூஸ் தம் பள்ளிகளுக்கு அரசுப் பணம் கேட்டுப் போராடித் தோற்றார். பொதுப் பள்ளியைச் சீர்திருத்த முடியாது, சொந்தமாகக் கட்டிக்கொள்வதே வழி என்ற முடிவுக்கு ஆயர்கள் வந்தது இந்தப் பின்னணியில்தான்.

கட்டுவதற்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தவர் பொஹீமியாவில் பிறந்த ஜான் நியூமன். 1852இல் பிலடெல்பியா ஆயரானதும், பங்குத்தந்தையரும் பொதுநிலையினரும் அமர்ந்த ஒரு கல்விக் குழுவை அமைத்து, தனித்தனியாகக் கிடந்த பள்ளிகளை மறைமாவட்ட அமைப்பாக்கினார். 1884இல் பால்டிமோரில் கூடிய அமெரிக்க ஆயர்களின் மூன்றாம் பொதுச்சங்கம் பள்ளி கட்டுவதைச் சட்டமாக்கியது. பள்ளி இல்லாத ஒவ்வொரு பங்கும் இரண்டு ஆண்டுக்குள் பள்ளி கட்ட வேண்டும்; கடும் அலட்சியம் காட்டும் பங்குத்தந்தையைப் பதவியிலிருந்து நீக்கலாம்; ஆயர் ஏற்கும் தகுந்த காரணம் இருந்தாலன்றிப் பெற்றோர் தம் பிள்ளைகளைக் கத்தோலிக்கப் பள்ளிக்கே அனுப்ப வேண்டும். பிடிவாதமாக மறுக்கும் பெற்றோருக்குப் பாவமன்னிப்பு கிடையாது என்று உரோமை 1875லேயே எச்சரித்திருந்தது. இவ்வளவு கடுமைக்குப் பிறகும் எல்லாப் பங்குகளிலும் பள்ளி வந்துவிடவில்லை. கட்டளை பிறப்பித்தவர்கள் அதற்கான பணத்தைக் கொடுக்கவில்லை என்பதை நினைத்தால், இத்தனை பள்ளிகள் எழுந்ததே பெரிது.

கட்டளையைவிட வலுவாகக் குடும்பங்களை ஈர்த்தது மொழி. ஜெர்மானியர், போலந்தியர், பிரெஞ்சு கனடியர் என ஒவ்வொரு கூட்டத்தாரும் தங்களுக்கென்று பங்கு அமைத்துக்கொண்டார்கள். அங்கே பிள்ளைக்கு ஞானோபதேசம் தாய்மொழியில் கிடைத்தது. போலந்தியப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க 1874இல் ஃபெலீசியன் சபைச் சகோதரிகள் விஸ்கான்சினுக்கு வந்து சேர்ந்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் இந்த அயல்மொழிப் பள்ளிகள் மீது சந்தேகம் பாய்ந்தது. 1922இல் ஆரிகன் மாநில வாக்காளர்கள், எட்டு முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகள் பொதுப் பள்ளிக்கு மட்டுமே போகலாம் என்ற சட்டத்தை நிறைவேற்றினார்கள். கத்தோலிக்கரை எதிர்த்த வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளான் அதற்கு முழு ஆதரவு அளித்தது. ஒரு கன்னியர் சபை வழக்குத் தொடுத்தது. 1925இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தை ரத்து செய்தது. பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்ற உரிமை பெற்றோருடையது என்பது அன்று உறுதியாயிற்று. பிந்திய காலத்தில் பெற்றோர் பங்குப் பள்ளியை விட்டு வெளியேறியதும் அதே உரிமையால்தான்.

அந்தக் காலப் பள்ளித் திறப்பு நாளில் சடங்கு அதிகம், உபசாரம் குறைவு. செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தின விடுமுறை முடிந்ததும் பிள்ளைகள் சீருடையில் மைதானத்துக்கு வருவார்கள். அருட்சகோதரி கைமணியை ஒலித்ததும் பேச்சு நிற்கும். வகுப்புவாரியாக வரிசை கட்டிக் கோயிலுக்குள் நடப்பார்கள். தூய ஆவியின் அருளை வேண்டி நடக்கும் திருப்பலியோடு ஆண்டு தொடங்கும். இயேசு சபைக் கல்லூரிகளில் 16ஆம் நூற்றாண்டு முதல் இருந்துவந்த வழக்கம் அது. தாய் வாசலோடு நின்றுவிடுவாள். மதிப்பெண் அட்டையைப் பல பங்குகளில் பங்குத்தந்தையே வகுப்புக்கு வந்து, பெயர் சொல்லி அழைத்துக் கையில் கொடுப்பார். பள்ளியில் அடி வாங்கியதை வீட்டில் சொன்னால் இன்னொரு அடி விழும் என்பது அக்காலப் பிள்ளைகள் அறிந்த உண்மை. கட்டணம் மிகக் குறைவு, சில பங்குகளில் இல்லவே இல்லை. ஞாயிறு காணிக்கையும், மடத்தில் தங்கிச் சொற்பப் படியில் கற்பித்த சகோதரிகளின் உழைப்புமே பள்ளியைத் தாங்கின.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் குழந்தைப் பிறப்பு பெருகியபோது இந்த ஏற்பாடு பிதுங்கியது. ஒரே வகுப்பறையில் ஐம்பது, அறுபது பிள்ளைகள் இருப்பது சாதாரணமானது. அதன் விலை சிகாகோவில் தெரிந்தது. 1958 டிசம்பர் 1ஆம் நாள் பிற்பகல், வானதூதர்களின் அன்னை பங்குப் பள்ளியின் அடித்தளப் படிக்கட்டருகே குப்பைத் தொட்டியில் பற்றிய தீ, படிக்கட்டு வழியாக இரண்டாம் தளத்துக்கு ஏறியது. அந்தப் பழைய கட்டடத்தில் தண்ணீர் தெளிப்பான்கள் இல்லை. புதிய தீப்பாதுகாப்பு விதிகள் பழைய கட்டடங்களுக்குப் பொருந்தாது என்ற விலக்கு இருந்தது. புகை சூழ்ந்த வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் சன்னல் வழியே குதித்தார்கள். 92 பிள்ளைகளும் 3 அருட்சகோதரிகளும் இறந்தார்கள். எஞ்சியவர்கள் அண்டைப் பள்ளிகளில் படித்தார்கள். அதே இடத்தில் 1960இல் தெளிப்பான்களோடு புதிய பள்ளி எழுந்து, குடும்பங்கள் திரும்பி வந்தன. நாடு முழுவதும் பள்ளிகளின் தீப்பாதுகாப்பு விதிகள் இந்த விபத்துக்குப் பின் இறுகின.

1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 13,000 கத்தோலிக்கப் பள்ளிகளில் 52 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். சரிவு உடனே தொடங்கியது. கத்தோலிக்கக் குடும்பங்கள் நகரை விட்டுப் புறநகர்களுக்குப் போயின. அங்கே பொதுப் பள்ளிகள் நன்றாக இருந்தன, பழைய பகைமையும் தணிந்திருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு துறவறம் விட்டவர் பலர், புதிதாக நுழைந்தவர் சிலர். 1965இல் சுமார் 1,80,000 ஆக இருந்த அருட்சகோதரிகளின் எண்ணிக்கை இன்று 40,000ஐ எட்டவில்லை. அவர்களின் இடத்துக்கு வந்த பொதுநிலை ஆசிரியர்களுக்குக் குடும்பம் நடத்தச் சம்பளம் வேண்டும். சமயப் பள்ளி ஆசிரியர் சம்பளத்துக்கு மாநில அரசுகள் உதவ முயன்றதை உச்ச நீதிமன்றம் 1971இல் தடுத்தது. கட்டணம் ஏறியது, 1990க்குள் மாணவர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. தீக்குப் பின் எழுந்த அந்தச் சிகாகோப் பள்ளியும் பிள்ளைகள் குறைந்து 1999இல் மூடப்பட்டது.

வரவேற்பு வழக்கம் வேரூன்றியது இந்தச் சரிவுக் காலத்தில்தான். ஜனவரிக் கடைசி ஞாயிறன்று தொடங்கும் கத்தோலிக்கப் பள்ளி வாரம் 1974 முதல் கொண்டாடப்படுகிறது. அந்த வாரத்தில் பள்ளிக் கதவுகள் ஊராருக்குத் திறந்திருக்கும். அடுத்த ஆண்டுச் சேர்க்கை தொடங்கும் பருவம் அது என்பதால் தேதித் தேர்வில் கணக்கு இருக்கிறது. வாசலோடு நின்ற பெற்றோர் உள்ளே வந்தார்கள். தவக்கால வெள்ளிகளில் மீன் பொரிப்பது, பிங்கோ ஆட்டம் நடத்துவது, ஏல விருந்துக்குப் பொருள் திரட்டுவது என நிதிச் சுமையில் ஒரு பகுதி அவர்கள் தோளுக்கு மாறியது. ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் குடும்பம் பள்ளிக்கு உழைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும் என்று பல பள்ளிகளில் எழுத்துப்பூர்வமான விதியே உண்டு. 2002இல் பாஸ்டனில் வெடித்த குருக்களின் பாலியல் வன்கொடுமை விவகாரத்துக்குப் பின், வகுப்பில் உதவ வரும் பெற்றோரும் பின்னணிச் சோதனைக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கும் உட்பட வேண்டியதாயிற்று. நாட்டின் கத்தோலிக்கப் பள்ளி மாணவரில் இப்போது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கத்தோலிக்கர் அல்லர். தொடக்கத் திருப்பலியை நிறைவேற்றும் பங்குத்தந்தை இந்தியாவிலிருந்து போனவராக இருப்பதும் அரிதல்ல.

கொரோனாத் தொற்று இந்தப் பள்ளிகளை இருபுறமும் அசைத்தது. 2020–21இல் கத்தோலிக்கப் பள்ளிச் சேர்க்கை 6.4 விழுக்காடு வீழ்ந்தது; இருநூறுக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன அல்லது இணைக்கப்பட்டன. ஆனால் பொதுப் பள்ளிகள் பல இணையவழியிலேயே தொடர்ந்தபோது, பங்குப் பள்ளிகள் பல முகக்கவசத்தோடும் இடைவெளி விட்ட மேசைகளோடும் அந்த இலையுதிர் காலத்திலேயே நேரடி வகுப்புகளைத் தொடங்கியிருந்தன. அதைக் கண்டு புதிய குடும்பங்கள் வந்தன. 2021–22இல் சேர்க்கை 3.8 விழுக்காடு உயர்ந்தது. இருபது ஆண்டுகளில் அதுவே முதல் உயர்வு.

குடும்பங்களைத் தக்கவைக்கும் வலுவான காரணமாக இப்போது பல மாநிலங்களில் இருப்பது, பெற்றோர் தேர்ந்தெடுக்கும் தனியார் பள்ளியின் கட்டணத்துக்காக அரசு தரும் கல்விப் பற்றுச்சீட்டு. 1990இல் மில்வாக்கி நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இந்தத் திட்டம் 1998இல் சமயப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பணம் பெற்றோரின் தேர்வு வழியாகப் போவதால் அரசமைப்புக்கு முரண் இல்லை என்று 2002இல் கிளீவ்லேண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1840களில் ஹியூஸ் கேட்டுக் கிடைக்காத அரசுப் பணம் இப்படிப் பங்குப் பள்ளிகளுக்கு வந்து சேர்கிறது. பற்றுச்சீட்டு இல்லாத மாநிலங்களில், மூன்று நான்கு பங்குகளின் பள்ளிகள் ஒன்றிணைந்து புதுப் பெயரோடு ஆகஸ்டில் திறப்பதே இப்போது அடிக்கடி நடப்பது.